மாலை ஏழு மணிப் பசி: கடைப் பார்சலும் வீட்டு அடுப்பும்



பள்ளிக்கூடங்கள் திறக்கும் சமயத்தில் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கல்வி உதவி கேட்டு விண்ணப்பங்கள் அதிகம் வரும். இந்த முறை விண்ணப்பத்துடன் ஒரு மாத வீட்டுச் செலவுக் கணக்கையும் எழுதித் தரும்படி கேட்டோம். யாரையும் குறை காண்பதற்காகக் கேட்கவில்லை. எந்த வீட்டில் எவ்வளவு பற்றாக்குறை என்று தெரிந்தால்தான் இருக்கிற தொகையை நியாயமாகப் பிரிக்க முடியும்.

தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு சகோதரியுடன் உட்கார்ந்து நாங்களே அந்தக் கணக்கை எழுதினோம். வாடகை, மின்சாரம், மளிகை, பால், மருந்து என்று எல்லாம் எழுதி முடித்த பிறகும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கணக்கில் அகப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து அவரே சொன்னார்: "ராத்திரிக்கு மவன் கடையில வாங்கிட்டு வர்றத எழுதலியே." அதை எழுதினோம். அந்தத் தொகை, மகனுக்காக அவர் கேட்டு வந்த மாதக் கட்டணத்தைவிட அதிகமாக இருந்தது. அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

அவர் ஊதாரி இல்லை. இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து, கால் வலியோடு வீடு வந்து சேருகிறவர். பிள்ளைகள் அதுவரை பசி தாங்க மாட்டார்கள். மகன் தெருமுனைக்குப் போய் இரண்டு பார்சல் வாங்கி வருகிறான். இதே கதை நம் மஹல்லாவில் பல வீடுகளில் இருப்பதை மற்ற விண்ணப்பங்களிலும் கண்டோம். எனவே இந்த இதழில் கடை உணவின் விலை, அதன் உடல்நலக் கணக்கு, வீட்டில் செய்யக்கூடிய மாற்று ஆகியவற்றை விளக்கமாக எழுதுகிறோம்.

கடையில் விலை ஏன் ஏறுகிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிரியாணிக் கடை, பரோட்டா கடை, பாஸ்ட் புட் தள்ளுவண்டி என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பலர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்களே. விலை ஏறியதற்கு அவர்களின் பேராசையைக் காரணம் சொல்வது நியாயமாகாது.

நம் நாட்டில் பயன்படும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு மத்திய அரசு 20 விழுக்காடு அடிப்படை இறக்குமதி வரி விதித்தது. அதற்கு முன் இந்த அடிப்படை வரி இல்லை. 2025 மே மாத இறுதியில் அது 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆனால் எண்ணெய் ஏறும்போது ஏறிய பார்சல் விலை, எண்ணெய் இறங்கும்போது இறங்குவதில்லை.

அடுத்தது எரிவாயு. வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, வணிகச் சிலிண்டர் 19 கிலோ. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் வணிக எரிவாயுவின் விலை மிகக் கூடுதல். வீட்டுச் சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு, வணிகச் சிலிண்டருக்கு 18 விழுக்காடு. சாதாரண உணவகம் வாடிக்கையாளரிடம் 5 விழுக்காடு வரி வாங்குகிறது. ஆனால் எரிவாயுவுக்கும் மற்றப் பொருட்களுக்கும் தான் செலுத்திய வரியை அதில் கழித்துக்கொள்ள அதற்கு அனுமதி இல்லை. ஆகவே அந்தச் சுமையும் தட்டின் விலையில் வந்து சேருகிறது.

மூன்றாவது, செல்போன் ஆப் மூலம் வீட்டுக்கு வரவழைப்பது. ஆப் நிறுவனங்கள் ஆர்டர் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, சில இடங்களில் அதற்கும் மேல், கடைக்காரரிடம் கமிஷனாகப் பிடிக்கின்றன. அதை ஈடுகட்டக் கடைக்காரர் ஆப்பில் விலையைக் கூட்டிப் போடுகிறார். அதற்கு மேல் பேக்கிங் கட்டணம், டெலிவரிக் கட்டணம், பிளாட்பாரக் கட்டணம். இந்தப் பிளாட்பாரக் கட்டணம் 2023இல் ஆர்டருக்கு 2 ரூபாயாகத் தொடங்கி, பின்னர் 10 ரூபாயைத் தாண்டிவிட்டது. கடைக்கு நடந்து போய் வாங்கும் அதே உணவுக்கு வீட்டில் உட்கார்ந்தபடி நாம் கொடுக்கும் விலை வேறு.

ஒரு கணக்கு

நம் கடைத்தெருவில் கேட்டறிந்த தோராய விலைகளை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டோம். விலை வாரத்துக்கு வாரம் மாறலாம்.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஐந்து முட்டை பிரைடு ரைஸ் பார்சல் வாங்கினால், ஒன்று 90 ரூபாய் வீதம் 450 ரூபாய். அதையே வீட்டில் செய்தால்: அரிசி 600 கிராம் 36 ரூபாய், ஆறு முட்டை 40 ரூபாய், கேரட், பீன்ஸ், முட்டைகோஸ் 30 ரூபாய், எண்ணெய் 10 ரூபாய், வெங்காயம், பூண்டு, மிளகு 14 ரூபாய், எரிவாயு 10 ரூபாய். ஆக மொத்தம் 140 ரூபாய்.

வித்தியாசம் 310 ரூபாய். வாரத்தில் இரண்டு இரவு என்று வைத்தால் மாதத்துக்கு 2,480 ரூபாய், ஆண்டுக்கு 29,760 ரூபாய். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவில் பெரும் பகுதி இது. ரேஷனில் நமக்குக் கிடைக்கும் விலையில்லா அரிசியையும், கிலோ 30 ரூபாய்த் துவரம்பருப்பையும், லிட்டர் 25 ரூபாய்ப் பாமாயிலையும் கணக்கில் சேர்த்தால் வீட்டுச் செலவு இன்னும் குறையும்.

உடம்பு கொடுக்கும் விலை

நமது மருத்துவ உதவி விண்ணப்பங்களில் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இதற்குக் கடை உணவு ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்தே செய்யும் வேலை, குடும்ப வழி, தூக்கக் குறைவு எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் நம் கையில் இருக்கும் காரணம் உணவு.

உப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே ஒருவருக்குப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவுதான். சோயா சாஸ், அஜினோமோட்டோ, மசாலாத் தூள், ஊறவைத்த கறி என்று பல வழிகளில் கடை உணவில் உப்பு சேருவதால் அளவு நமக்குத் தெரிவதே இல்லை.

அடுத்தது எண்ணெய். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் கேடான பொருட்கள் பெருகுகின்றன. அவற்றின் அளவு 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஆனால் தள்ளுவண்டியில் அதை அளந்து பார்ப்பவர் யார்? எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் அந்தக் கடையில் பொரித்ததை வாங்காமல் இருப்பதே நாம் செய்யக்கூடிய சோதனை.

சாயமும் மயோனைசும் பிள்ளைகள் விரும்புபவை. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால் பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை வந்தது. வேகாத முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும்; வெயிலில் நிற்கும் வண்டியில் அது வேகமாகப் பெருகும். இறைச்சி ஹலால்தானா என்று கேட்டு வாங்குகிற நாம், அது எண்ணெயிலும் சாயத்திலும் சுத்தமானதா என்றும் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

அதே சமயம், வீட்டில் சமைத்தது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. வாரம் மூன்று நாள் நெய்ச்சோறும் பொரித்த கோழியும் ஊறுகாயும் என்றால் வீட்டு அடுப்பும் நம்மைக் காப்பாற்றாது.

கை இல்லாத நேரம்

நம் வீட்டுப் பெண்களுக்குச் சமைக்கத் தெரியாமல் இல்லை. பெரும்பாலும் மளிகையும் இருக்கிறது. மாலை ஐந்திலிருந்து எட்டு மணி வரை சமைக்க ஒரு கை இல்லை என்பதே குறை. பிள்ளைகள் மக்தப் முடிந்து வருகிற வழியில் வண்டிக்கடை நிற்கிறது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. கடை வெல்வது அந்த நேரத்தில்தான். "வீட்டிலேயே சமையுங்கள்" என்று பெண்களுக்கு மட்டும் உபதேசம் செய்தால், ஏற்கெனவே களைத்தவர் மேல் இன்னொரு சுமையை ஏற்றியதாகும்.

எனவே ஆண்களுக்கும் வளர்ந்த பையன்களுக்கும் சொல்கிறோம். பன்னிரண்டு வயதுப் பையன் அரிசி களைந்து குக்கரில் ஏற்றலாம், முட்டை அவிக்கலாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். வெங்காயம் உரிப்பதும் பாத்திரம் கழுவுவதும் வாப்பாவுக்குக் கௌரவக் குறைவு ஆகாது. நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் தம் குடும்பத்தாருக்கு உதவியவர்கள் என்பதைச் சிறு வயதிலிருந்தே படித்து வந்தவர்கள் நாம்.

குறைந்த வேலையில் செய்யக்கூடியவை

சுண்டல்: கால் கிலோ கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறவையுங்கள். காலையில் மற்றச் சமையலோடு வேகவைத்துவிட்டால் மாலையில் தாளிப்பது மட்டுமே வேலை. சுமார் 30 ரூபாயில் ஐந்து பேருக்குப் போதும். ஒவ்வொருவருக்கும் 10 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும். ஐந்து மணிக்கு இது வயிற்றில் இறங்கினால் ஏழு மணிக்கு வண்டிக்கடை அவ்வளவாக இழுக்காது.

கஞ்சி: ரமலானில் முப்பது நாளும் விரும்பிக் குடித்துவிட்டு மற்ற மாதங்களில் மறந்துவிடுகிறோம். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை எல்லாம் ஒரே குக்கரில். துணைக்கு அவித்த முட்டையோ பொட்டுக்கடலைத் துவையலோ போதும். சர்க்கரை உள்ளவர்கள் அரிசியைக் குறைத்துப் பருப்பையும் கீரையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

முட்டைச் சோறு: மதியம் மிஞ்சிய சோற்றை ஆறியவுடன் பிரிட்ஜில் வைத்து, இரவில் காய்கறி, முட்டை, மிளகு சேர்த்து நன்றாகச் சூடேற வதக்குங்கள். பிள்ளைகள் கேட்கும் பிரைடு ரைஸ் இதுதான். சோற்றை மாலை வரை வெளியே வைத்து மீண்டும் வதக்குவது வயிற்றுக்குக் கேடு.

மத்தி மீன் ஆணம்: வரத்து அதிகமுள்ள நாட்களில் மலிவாகக் கிடைக்கும் சாளை மீன், விலை உயர்ந்த மீன்களுக்குச் சத்தில் குறைந்ததில்லை. இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பு அதில் நிறைய உண்டு. பொரிக்காமல் ஆணமாக வைப்பது சிறப்பு.

கேழ்வரகு தோசை, தாளிச்சா: வாரம் ஒருமுறை அரைத்த மாவில் கேழ்வரகு மாவைக் கலந்து தோசை சுடலாம். துவரம்பருப்பு, கத்தரிக்காய், மாங்காய் போட்ட தாளிச்சாவுக்கு இறைச்சி கட்டாயமில்லை.

கடைக்கே போகக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை குடும்பத்தோடு போய், நம்பிக்கையான கடையில் சூடாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அது பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, கடைக்காரச் சகோதரருக்கும் வியாபாரம். அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சுண்டல், அவித்த முட்டை, கஞ்சி இவற்றையும் வண்டியில் வையுங்கள், வாங்குவோர் இருக்கிறார்கள்.

நாங்கள் திருத்திக்கொள்வது

எங்கள் மீதும் குறை உண்டு. நிர்வாகக் கூட்டங்களுக்கு இதுவரை பார்சல் பிரியாணியும் பாட்டில் குளிர்பானமுமே வரவழைத்தோம். அதில் பாதி மிஞ்சி வீணானதும் உண்டு. வீண்விரயம் கூடாதென்று மேடையில் பேசிக்கொண்டே நாங்களே அதைச் செய்தோம். இனி கூட்டங்களுக்குச் சுண்டலும் தேநீரும் மட்டுமே. மிச்சமாகும் தொகையைக் கொண்டு மக்தப் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள் மாலையில் சுண்டல் கொடுக்க முடிவு செய்துள்ளோம். கடலை வாங்கப் பணம் இருக்கிறது. ஊறவைத்து அவித்துத் தரவும் பாத்திரம் கழுவவும் ஆட்கள் வேண்டும். முறை வைத்து வர விரும்பும் வாப்பாமார்களும் கல்லூரிப் பிள்ளைகளும் அஸருக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

குடும்பங்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த ஒரு மாதம் கடையில் வாங்கும் உணவுக்கான செலவை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள்.

அந்தத் தையல் சகோதரிக்குக் கேட்ட உதவி முழுமையாக வழங்கப்பட்டது. கணக்கைக் காட்டி ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. சென்ற வாரம் ரசீது வாங்க வந்தபோது, மகன் இப்போது மூன்று நாள் கஞ்சி வைப்பதாகச் சொன்னார். முதல் நாள் அடிப்பிடித்துவிட்டதாம். அதையும் சாப்பிட்டோம் என்று சிரித்தார்.

நம் வீடுகளின் உணவிலும் உடல்நலத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.

செயலாளர்,
நிர்வாகக் குழுவுக்காக