வழிகாட்டி நாய்ப் பயிற்சியும் பயணப் பொதியும்

முன்னுரை

ஓமலூர்ச் சந்திப்பில் வண்டிக்காகக் காத்திருப்போர் ஒரு காட்சியை என்றேனும் கண்டிருப்பர். பார்வையற்ற இளைஞர் ஒருவர் வெளியூர் புறப்படுகிறார். அவருடைய பையைத் தாயோ தமக்கையோ அடுக்கித் தந்திருப்பர். தம்பி அதனைச் சுமந்து வருவான். தாய்மாமன் தோளைப் பற்றி வண்டியில் ஏற்றி, "இந்த இடத்தை விட்டு எழாதே, இறங்குமிடத்தில் ஆள் வந்து அழைத்துக்கொள்வார்" என்று கூறி இறங்குவார். இவை யாவும் அன்பினால் நிகழ்வனவே. எனினும், அந்தப் பையில் என்னென்ன உள்ளன, எது எந்த மூலையில் உள்ளது என்பதை அதற்கு உரியவர் அறியார்.

நாயின் துணைகொண்டு நடக்கப் பார்வையற்றோர்க்குக் கற்பிக்கும் பள்ளிகள் மேலைநாடுகளில் பல உள்ளன. அவற்றுள் பலவற்றில் மூன்று அல்லது நான்கு வாரம் தங்கிப் பயிலவேண்டும். அப்பயிற்சிக்குச் செல்வோர் எவற்றை எடுத்துச் செல்லவேண்டும், ஏன் எடுத்துச் செல்லவேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பை அடுக்குவதில் விளக்குவதற்கு என்ன உளது என வினவலாம். அதுவே அப்பயிற்சியின் முதற்பாடம் என்பது மேலே படிக்கப் படிக்கப் புலப்படும்.

சரக்காகச் சென்ற இளைஞர்

முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1916ஆம் ஆண்டு செருமனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தில் நாய்களைப் பழக்கிவந்த டோரதி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, செருமானியப் பள்ளியொன்றை நேரிற் கண்டு வியந்து, 1927 நவம்பர் 5ஆம் நாள் அமெரிக்க வார இதழொன்றில் அதுபற்றிக் கட்டுரை எழுதினார்.

டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் வாழ்ந்த மோரிஸ் பிராங்க் என்னும் பார்வையற்ற இளைஞர்க்கு அக்கட்டுரையை அவர் தந்தையார் படித்துக் காட்டினார். தமக்கும் அத்தகைய நாய் வேண்டுமென அவர் யூஸ்டிஸ் அம்மையார்க்கு மடல் விடுத்தார். 1928இல் அழைப்பு வந்தது. அப்போது அவர்க்கு வயது இருபது. பார்வையற்றவர் தனியே கடல் கடப்பதை எவரும் ஏற்காத காலம் அது. ஆதலின் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் பொறுப்பில், ஏறத்தாழ ஒரு சரக்குப் பொதியைப் போலவே அவர் அனுப்பப்பட்டார். கப்பலில் துணையாள் இன்றி அவரால் அறையை விட்டு வெளியே வரவும் இயலவில்லை.

சில வாரப் பயிற்சிக்குப் பின், 'பட்டி' எனப் பெயரிட்ட நாயுடன் அவர் 1928 சூனில் நியூயார்க் வந்திறங்கினார். செய்தியாளர்கள் சூழ்ந்து நிற்க, ஊர்திகள் விரையும் பெருந்தெருவொன்றை அந்நாயின் துணையோடு கடந்து காட்டினார். "வெற்றி" என்ற ஒற்றைச் சொல்லையே யூஸ்டிஸ் அம்மையார்க்குத் தந்தியாக அடித்தார். 1929 சனவரி 29ஆம் நாள் 'தி சீயிங் ஐ' என்னும் பள்ளி நாஷ்வில்லில் நிறுவப்பெற்றது. பின்னர் நியூசெர்சி மாநிலத்து மோரிஸ்டவுனுக்கு மாறிய அப்பள்ளி இன்றும் அங்கே இயங்கி வருகிறது. சரக்காகச் சென்றவர் பயணியாகத் திரும்பினார் என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

பயிற்சியின் இயல்பு

பயிற்சியின் இயல்பை அறிந்தாலன்றிப் பையில் எதை வைப்பது என்பது விளங்காது. நாய்க்குட்டிகள் முதலில் தன்னார்வக் குடும்பங்களில் ஓராண்டுக்கு மேல் வளர்க்கப்படுகின்றன. பின்னர்ப் பயிற்றுநர் சில மாதம் அவற்றைப் பழக்குவர். அதன் பிறகே மாணவர் வந்து சேர்வார். முதலில் நாய் தரப்படுவதில்லை. பயிற்றுநரே சேணத்தின் ஒருபுறத்தைப் பற்றி நாயைப் போல முன்னே நடக்க, மாணவர் மறுபுறத்தைப் பற்றிப் பின்தொடர்வார். இதற்கு 'ஜூனோ நடை' என்று பெயர். மாணவரின் நடைவேகம், இழுவையைத் தாங்கும் வலிமை ஆகியவற்றை இதனால் அறிந்து, அவர்க்கேற்ற நாயை இணைப்பர். அதன்பின் நாள்தோறும் காலையும் மாலையும் தெருக்களில் நடையே பாடம். வைகறையில் எழுந்து நாய்க்கு உணவிடுவதும், அதனை வெளியே அழைத்துச் செல்வதும் மாணவரின் கடமைகளாகும்.

நாய் வழி அறியும் என்பது பலரும் கொண்டுள்ள தவறான எண்ணம். வழியை அறிந்திருக்க வேண்டியவர் மனிதரே. ஓமலூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை திருப்பம் என்பதை அவர் மனத்தில் கொண்டு, 'வலம்', 'இடம்', 'நேரே' எனக் கட்டளையிட வேண்டும். குழி, படி, தாழ்ந்த கிளை ஆகியவற்றை விலக்கிச் செல்வதே நாயின் பணி. கட்டளையை ஏற்றால் ஊர்தியில் மோத நேரும் என்றால் அது நகர மறுக்கும். இதனை 'அறிவார்ந்த கீழ்ப்படியாமை' என்பர். போக்குவரத்து விளக்கின் நிறத்தை நாய் அறியாது. ஊர்திகளின் ஓசையைக் கேட்டுக் கடக்கும் நேரத்தைத் தீர்மானிப்பவரும் மனிதரே.

எடுத்துச் செல்ல வேண்டியவை

முதலாவது காலணி. செருப்பணிந்து பழகிய நம்மவர்க்கு இது முதன்மையானது. நாள்தோறும் பல கல் தொலைவு விரைந்து நடக்க வேண்டியிருப்பதால், கட்டும் கயிறுடைய காலணிகள் இரண்டு இணை வேண்டும். ஒன்று நனைந்தால் மற்றொன்று உதவும். புதிய காலணியோடு செல்லுதல் ஆகாது. புறப்படுவதற்குச் சில வாரம் முன்னரே வாங்கி அணிந்து நடந்து பழகவேண்டும். முதல் வாரத்திலேயே காலிற் கொப்புளம் கண்டவர்க்குப் பாடம் தடைப்படும்.

இரண்டாவது ஆடை. நாயின் மயிர் ஒட்டும்; அதன் ஈரக் கால்கள் படும். ஆதலின் எளிதில் துவைத்துலரும் ஆடைகளே ஏற்றவை. நாய் நடப்பது இடப்பக்கம். எனவே இடப்புறம் தொங்கும் முந்தானை, துப்பட்டா, வேட்டி நுனி ஆகியவை சேணத்தில் சிக்காதவாறு இழுத்துச் செருகும் வகையில் அமைதல் வேண்டும். மழையிலும் நடை நிற்பதில்லை. இடக்கை சேணத்தைப் பற்றியிருக்க, வலக்கையும் குடையில் சிக்குதல் நன்றன்று. ஆகவே குடையினும் மழைச்சட்டையே சிறந்தது. இதே காரணத்தால் கைப்பையை விடத் தோளில் குறுக்கே மாட்டும் பையே பயன்படும்.

மூன்றாவது மருந்தும் ஆவணமும். தங்கும் நாள்கள் முழுமைக்கும் வேண்டிய மருந்தோடு, ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளல் நலம். காலை மருந்துக் குப்பிக்கு ஒரு ரப்பர் வளையம், இரவு மருந்துக்கு இரண்டு எனச் சுற்றிவைத்தால் பிறரை வினவ வேண்டியதில்லை. அமெரிக்கப் பணத்தாள்கள் யாவும் ஒரே அளவின. ஆதலின் ஒவ்வொரு மதிப்பின் தாளையும் வெவ்வேறு வகையில் மடித்து வைப்பது அந்நாட்டுப் பார்வையற்றோர் வழக்கம்.

நான்காவது வெண்கோல். நாய் பெறப்போகும் ஒருவர்க்குக் கோல் எதற்கு எனலாம். நாய் கைக்கு வரும் வரையிலும், பிற்காலத்தில் அது நோயுற்ற நாள்களிலும் கோலே துணை. கோல்கொண்டு தனியே நடக்கத் தெரிந்தவரையே இப்பள்ளிகள் ஏற்கின்றன.

சேணம், வார், உணவுக் கலம் முதலியவற்றைப் பள்ளியே வழங்கும். ஆதலின் நாய்க்கென எதனையும் சுமந்து செல்ல வேண்டா.

தொழுகை ஆடை

இம்மலரைப் படிப்போர் பலர்க்கும் ஓர் ஐயம் எழும். நாயோடு வாழ்பவர் தொழுகைக்குரிய தூய்மையைப் பேணுவது எங்ஙனம்? இதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபி மத்ஹபு நாயின் ஈரம் பட்ட இடத்தை, ஒருமுறை மண் கலந்த நீர் உட்பட ஏழுமுறை கழுவப் பணிக்கிறது. ஹனஃபி மத்ஹபு உமிழ்நீரை மட்டுமே அசுத்தமெனக் கொள்கிறது. மாலிகி மத்ஹபு நாயைத் தூயதாகவே கருதுகிறது. வேட்டைக்கும் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு என்பதில் இவர்கள் ஒன்றுபடுவர். 2008ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரப் பள்ளிவாசலொன்று, மார்க்க அறிஞரின் கருத்தைப் பெற்று, பார்வையற்ற மாணவர் ஒருவரின் வழிகாட்டி நாய்க்கு வாயிலருகே இடம் ஒதுக்கித் தந்தது. ஆகவே, தொழுகைக்குரிய ஆடை, தொப்பி, விரிப்பு ஆகியவற்றை மூடிய தனிப்பையில் வைத்து, நாய் அணுகாத இடத்தில் பேணினால் போதும். மார்க்கம் தடையாகும் என்று அஞ்சி ஒருவர் வீட்டினுள் முடங்க வேண்டியதில்லை.

நம் மண்ணில்

நம் நாட்டில் வழிகாட்டி நாய்ப் பயிற்சி இன்னும் வேரூன்றவில்லை. நடைபாதையின்மையும் தெருநாய்களின் மிகுதியும் அதற்குத் தடைகளாகும். சீயிங் ஐ பள்ளியோ அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் வாழ்வோரையே சேர்த்துக்கொள்கிறது. அங்குக் குடியேறிய நம்மவர் அதனை நாடலாம். முதன்முறை வருவோரிடம் அப்பள்ளி 150 டாலர் பெறுகிறது. உண்மைச் செலவு இதனினும் பன்மடங்காகும். இத்தொகை பல்லாண்டுகளாக உயர்த்தப்படவில்லை. மாணவர் இரந்து பெறுபவராகத் தம்மை எண்ணலாகாது என்பதே இக்கட்டணத்தின் கருத்து.

ஓமலூரில் வாழ்பவர்க்கு வெண்கோல் பயிற்சி எட்டும் தொலைவில் உள்ளது. போரில் பார்வையிழந்த வீரர்க்காக 1943இல் டேராடூனில் தொடங்கிய விடுதியின் வழிவந்த தேசிய நிறுவனத்துக்குப் பூந்தமல்லியிலும் மண்டல மையம் உண்டு. ஆங்குச் செல்வோர்க்கும் மேற்கூறிய காலணி, மருந்து, பை ஆகியவை பெரும்பாலும் பொருந்தும்.

முடிவுரை

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. பையை அடுக்க வேண்டியவர் பயணம் செல்பவரே. தாய் அருகிருந்து வினவியதற்கு விடை கூறலாம். சட்டையின் நிறத்தைச் சொல்லலாம். அவர் கை பையினுள் செல்லுதல் கூடாது. முதல் நாள் இரண்டு மணிநேரம் ஆகலாம். காலுறை ஒன்று விடுபடலாம். ஆயினும், அயலூர் விடுதியில் இருளில் எழுந்து கைநீட்டியதும் தம் சட்டை தம் கைக்கு எட்டும் நிலை, தாமே அடுக்கியவர்க்கே வாய்க்கும்.

அன்பு கொண்டோர் சுமையைக் குறைக்க விழைவது இயல்பு. சுமையோடு சேர்த்து ஆளையும் சுமந்துவிடும்போதுதான் பிழை நேர்கிறது. அடுத்த முறை ஓமலூர்ச் சந்திப்பில் வெண்கோலோடு தம் பையைத் தாமே தோளில் மாட்டிநிற்கும் ஒருவரைக் கண்டால், அதனைப் பறித்துக்கொள்ள விரையாமல், "உதவி வேண்டுமா?" என்று ஒருமுறை வினவுவோம். வேண்டா என்பாராயின் வழிவிட்டு நிற்போம்.