விலைக்கு வாங்கினோம், சொந்தமாயிற்றா?

காணியோ வீடோ வாங்கும் வேளையில் உறுதியை எழுத்தெழுத்தாக வாசிக்கும் வழக்கமுடையவர்கள் எம்மவர்கள். நாற்புற எல்லை யாருடையது, கிணற்றில் எத்தனை பங்கு, வழிவாய்க்கால் உரிமை உண்டா, ஒற்றி ஈடு ஏதும் மிச்சமிருக்கின்றதா என்றெல்லாம் நொத்தாரிசை வருத்தியெடுத்த பின்னரே கையொப்பமிடுவர். அத்தகையவர்களே இங்கு புதிய தொலைக்காட்சிப் பெட்டியையோ பிள்ளைகளுக்கான கணனியையோ வீட்டுக்குக் கொண்டுவந்து மின்னிணைப்பைக் கொடுத்ததும், திரையில் நீண்டு ஓடும் உடன்படிக்கையில் ஒரு வரியையேனும் பாராமல் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்திவிடுகின்றனர். அந்த உடன்படிக்கைதான் இக்காலத்து உறுதி. அதில் எழுதப்பட்டிருப்பதோ பெரும்பாலும் விற்பனை அன்று, குத்தகை.

பெட்டி உங்களுடையது, ஐயமில்லை. ஆயின் அப்பெட்டியை இயக்கும் மென்பொருளும், அதன் வழியே வந்துசேரும் திரைப்படமும் பாடலும் நூலும் உங்களுக்கு அனுமதியாக மட்டுமே தரப்படுகின்றன. தந்தவர் நினைத்தால் மீளப் பெறலாம். இது கணனி படித்த இளையோரின் வாதம், எமக்கென்ன என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். எம்மைப் போன்றோருக்கே இது மிகுதியும் உரியது என்பது எமது கருத்து. படங்கள் நிறைந்த அல்பத்தைச் சுவரலுமாரியில் விட்டுவிட்டு உடுத்த உடையோடு புறப்பட்ட குடும்பங்கள் எம்மிடையே ஏராளம். அவர்கள் பின்னர் தேடிச் சேர்த்தவை எல்லாம் ஒளிநாடாவிலும் இறுவட்டிலும் கைத்தொலைபேசியிலுமே இருக்கின்றன. அந்த நாடா ஓடுமா, அந்த வட்டுத் திறக்குமா என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்று கேட்பது வெறும் பொழுதுபோக்கு விடயமன்று.

1990க்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி வாழ்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலியில் செய்தி கேட்டார்கள், பாட்டும் கேட்டார்கள். பட்டி அறுந்தால் இறப்பர் வளையம் போட்டார்கள். எந்தக் கம்பனியிடமும் அனுமதி கேட்கவில்லை. பெட்டியைத் திறக்க ஒரு திருகாணிச் சாவி போதுமாயிருந்தது. உடையவனின் சொல்லுக்கு இயந்திரம் பணிந்த காலம் அது.

இயந்திரம் வேறொருவர் சொல்லுக்குப் பணியத் தொடங்கியதன் வரலாற்றைச் சற்று விரித்தே கூற வேண்டும். 1975இல் ஜப்பானின் சொனி நிறுவனம் பீற்றாமக்ஸ் என்ற ஒளிப்பதிவுக் கருவியை விற்பனைக்கு விட்டது. மறு ஆண்டு ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். முறையைக் கொணர்ந்தது, எம்மவர் வீடுகளுக்கு வந்துசேர்ந்தது இரண்டாவதுதான். வீட்டிலிருப்போர் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிந்துவைத்துப் பின்னர் பார்க்கலாம் என்ற நிலை கண்டு ஹொலிவூட் கலங்கியது. யூனிவேர்சல், டிஸ்னி ஆகிய இரு நிறுவனங்களும் 1976இல் சொனி மீது வழக்குத் தொடுத்தன. 1982இல் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத்தின் தலைவராயிருந்த ஜாக் வலென்ரி, அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் தோன்றி, தனித்திருக்கும் பெண்ணுக்குக் கழுத்து நெரிக்கும் கொலைகாரன் எப்படியோ அப்படியே படத் தொழிலுக்கு இக்கருவி என்ற பொருள்பட முழங்கினார். 1984 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற மயிரிழையில் தீர்ப்பு வழங்கியது: ஒளிபரப்பான நிகழ்ச்சியைப் பின்னர் பார்ப்பதற்காக வீட்டிற் பதிவது குற்றமன்று, கருவியை விற்றவரும் குற்றவாளியல்லர். வேடிக்கை யாதெனில், அழிந்துவிடுவோம் என்று அழுத அதே படத் தொழில், 1980களின் பிற்பகுதியில் திரையரங்கிலும் பார்க்க வீட்டு ஒளிநாடா மூலமே கூடுதலாகச் சம்பாதித்தது.

வெற்றிபெற்ற சொனி அடுத்துச் செய்ததைக் கவனியுங்கள். 1988இல் சி.பி.எஸ். இசைத்தட்டு நிறுவனத்தையும் 1989இல் கொலம்பியா பிக்சர்ஸ் படநிறுவனத்தையும் விலைக்கு வாங்கியது. கருவி செய்பவரும் பாட்டு விற்பவரும் ஒரே முதலாளி ஆயினர். பதிவு செய்யும் உரிமைக்காக எட்டு ஆண்டுகள் நீதிமன்றம் ஏறிய நிறுவனத்துக்கு, இப்போது பதிவு செய்வோரைக் கண்டால் அச்சம். கலப்பையும் நெல்லும் ஒருவர் கைக்குப் போனால் உழுபவன் நிலை என்னாகும் என்று எம் ஊர்க் கமக்காரனுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதன் விளைவு 2005இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபர் 31ஆம் திகதி மார்க் ருசினோவிச் என்ற கணனி வல்லுநர் ஒரு செய்தியை வெளியிட்டார். சொனி பி.எம்.ஜி. நிறுவனத்தின் இசை இறுவட்டு ஒன்றைத் தமது கணனியில் இட்டபோது, அது தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும் மென்பொருளொன்றைக் கணனியின் அடிவயிற்றிற் புதைத்துவிட்டது என்பதே அது. பிரதியெடுப்பதைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால் அது தோண்டிய மறைவிடத்துள் வேறு கேடுசெய்யும் மென்பொருள்களும் புகுந்து ஒளிந்துகொண்டன. ஐம்பதுக்கு மேற்பட்ட இசைத்தொகுப்புகளில் இது இருந்தது. எதிர்ப்புப் பெருகவே நவம்பரில் நிறுவனம் வட்டுகளை மீளப் பெற்றது, வழக்குகளும் வந்தன. பாதிக்கப்பட்டவர் யாவர் என்பதே இதிற் கருதத்தக்கது. கள்ளப்பிரதி வாங்கியவனுக்கு ஒன்றும் நேரவில்லை. கடையில் நியாயமான விலை கொடுத்து வாங்கியவரின் கணனியே கெட்டது.

எமது குடும்பங்கள் நேரிற் கண்ட பூட்டு வேறொன்று. நாடுவிட்டு நாடு சிதறிய எம்மவர், இலண்டனிலோ பாரிஸிலோ நடந்த திருமணத்தின் ஒளிநாடாவை ரொறன்ரோவுக்கு அனுப்புவர். இங்கு போட்டால் படம் உருளும், நிறம் மாறும், அல்லது ஒன்றுமே தெரியாது. வட அமெரிக்காவின் என்.ரி.எஸ்.சி. முறையில் ஒரு படத்துக்கு 525 கோடுகள். இலங்கையிலும் இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வழங்கிய பால் முறையில் 625. ஓடும் வேகமும் வேறு. இது எவரும் திட்டமிட்டுச் செய்த கெடுதியன்று. இங்கே மின்சாரம் நொடிக்கு 60 சுற்று, அங்கே 50 என்ற வேறுபாட்டின் வழிவந்தது. பொறியியலாளர் தமது ஊருக்கு ஏற்றபடி கட்டினார்கள், அவ்வளவே.

ஆனால் 1996இல் ஜப்பானிலும் 1997இல் அமெரிக்காவிலும் டீவீடீ அறிமுகமானபோது வந்த வலயப் பூட்டு அப்படிப்பட்டதன்று. அதற்குப் பொறியியற் காரணம் எதுவுமில்லை. கனடாவும் அமெரிக்காவும் முதலாம் வலயம், மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் இரண்டு, அவுஸ்திரேலியா நான்கு, இந்தியத் துணைக்கண்டம் ஐந்து, சீனா ஆறு. ஒரு வலயத்தில் வாங்கிய வட்டு மறு வலயத்துக் கருவியில் ஓடாது. அமெரிக்காவில் முதலிலும் பிற நாடுகளிற் பின்னரும் படத்தை வெளியிட்டு, நாட்டுக்கு நாடு வேறு விலை வைப்பதற்கு வசதியாகவே ஹொலிவூட் இதைக் கேட்டு வாங்கியது. கணனியிலுள்ள டீவீடீ இயக்கியில் வலயத்தை மாற்ற ஐந்து முறைதான் இடமுண்டு. ஐந்தாவதுக்குப் பின் அது நிலைத்துவிடும். மனிதன் வாழ்நாளில் ஐந்து முறைக்கு மேல் நாடு மாற மாட்டான் என்று விதித்தவர்கள் எம்மவரின் பயணப்பாதையை அறிந்திருக்கவில்லை.

பல தமிழ்ப்பட வட்டுகள் எல்லா வலயத்திலும் ஓடுமாறு வந்தமையால் எமக்குத் தொல்லை குறைந்தது. பூட்டை எதிர்த்து நின்றது நோர்வே நாட்டு இளைஞன் ஒருவன். ஜோன் லெக் யொஹான்சன் என்பது பெயர். விலைக்கு வாங்கிய டீவீடீயைத் தனது லினக்ஸ் கணனியிற் பார்க்க இயலாதிருந்தமையால், வேறிருவருடன் சேர்ந்து அதன் பூட்டைத் திறக்கும் மென்பொருளை 1999இல் வெளியிட்டபோது அவனுக்கு வயது 15. ஹொலிவூட்டின் முறைப்பாட்டின்பேரில் வழக்குத் தொடரப்பட்டது. 2003 ஜனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம் விடுவித்தது. அரச தரப்பு மேன்முறையீடு செய்ய, அவ்வாண்டு டிசெம்பரில் மேல்நீதிமன்றமும் விடுவித்தது. முறையாக வாங்கிய படத்தைப் பார்ப்பதற்காகத் திறந்தவனைத் திருடன் எனல் ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம். சின்னப் பெடியன் என்று நினைத்தவர்கள் வாயடைத்துப் போயினர்.

வட்டாவது கையிலிருந்தது. இன்றோ கைக்கு எதுவும் வருவதில்லை. 2009 ஜூலையில் அமேசன் நிறுவனம், தனது கிண்டில் வாசிப்புக் கருவியில் வாசகர் வாங்கிவைத்திருந்த ஜோர்ஜ் ஓர்வெலின் இரு நூல்களை இரவோடிரவாக அழித்தது. பதிப்பாளருக்கு அந்நூல்களை விற்கும் உரிமை இல்லையாம். பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது, பின்னர் மன்னிப்பும் கேட்கப்பட்டது. அழிந்தவற்றுள் ஒன்று '1984'. அரசொன்று பழைய ஏடுகளை அழித்தும் திருத்தியும் வரலாற்றை மாற்றுவதைச் சொல்லும் நூல் அது. 2019இல் மைக்ரோசொவ்ற் தனது மின்னூற் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் நூல்கள் யாவும் மறைந்தன. இங்கும் பணம் திரும்பியது. ஓரங்களிற் குறிப்பெழுதி வைத்திருந்தோருக்கு மேலதிகமாக 25 டொலர். பல்லாண்டு பாடஞ்சொல்லிய எமக்கு, ஓரக்குறிப்புக்கு எவரோ விலை நிர்ணயித்துவிட்டார் என்பது சிரிப்பையும் சினத்தையும் ஒருங்கே தந்தது. 97,000 நூல்களை ஓரிரவில் எரியக் கண்ட ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். பணம் திரும்பினால் நூல் திரும்பியதாகாது.

மறுதரப்பின் நியாயத்தையும் மறைக்கலாகாது. எம்மவர் கடைகளில் மரக்கறிக்கும் கருவாட்டுக்கும் அருகே அடுக்கியிருந்த ஒளிநாடாக்களில் எத்தனை முறையான உரிமத்தோடு வந்தவை? படம் சென்னையில் வெளியான வாரமே திரையரங்கிற் கள்ளமாகப் பதிந்த பிரதி இங்கு வந்து, அதிலிருந்து நூறு பிரதி ஓடியதை யாரும் மறுக்க இயலாது. முன்வரிசைத் தலைகளும் இருமல் ஒலியும் இலவசம். எம்மிடையே இசைத்தொகுப்பு வெளியிட்ட கலைஞர் பலர், முதல் நூறு விற்றதும் மிகுதியைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கின்றனர். ஒரு வீட்டார் வாங்கினால் பத்து வீட்டார் பிரதி எடுத்ததே காரணம். பாடுபவனுக்கும் அடுப்பு எரிய வேண்டும். ஆகவே பிரதியெடுப்பது யாவும் உரிமையே என்று வாதாடுவோருடன் நாம் இல்லை. எமது வழக்கு வேறு. களவைத் தடுக்கப் போட்ட பூட்டுகள் கள்வனைத் தடுத்ததாகக் காணோம். வாங்கியவனையே வாசலில் நிறுத்தின என்பதே அது.

கனடாவின் சட்டம் இவ்விடயத்தில் இரண்டு வள்ளத்தில் கால் வைத்திருக்கின்றது. வெற்று இசை இறுவட்டு ஒன்றுக்கு 29 சதம் வீதம் கலைஞருக்கென அறவிடப்பட்டு, சொந்தப் பாவனைக்காகப் பாடலைப் பிரதி செய்ய இடமளிக்கப்படுகின்றது. இது நல்ல ஏற்பாடு. 2012இல் வந்த திருத்தமோ, முறையாகப் பெற்ற ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றிச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கையால் கொடுத்து, மின்பூட்டு இருந்தால் அதை உடைக்கலாகாது என்று மறுகையால் எடுத்துக்கொண்டது. 2024 நவம்பரில் மேலும் இரு சட்டங்கள் நிறைவேறி, பழுது பார்ப்பதற்கும் கருவிகளை ஒன்றோடொன்று இணைத்து இயக்குவதற்கும் பூட்டைத் திறக்க வழிவிட்டன. கலிபோர்னியாவில் 2025 தொடக்கம், அனுமதியை மட்டும் விற்கும் கடைக்காரர் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்ற சொல்லைப் பயன்படுத்துதல் ஆகாது. குத்தகையைக் குத்தகை என்று சொல்லும் நேர்மையாவது அங்கு வந்திருக்கின்றது.

இவையெல்லாம் கடையில் வாங்கியவை பற்றியன. எவரும் பூட்டுப் போடாத, முழுவதும் எமக்கே சொந்தமான பதிவுகள் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளன. பூப்புனித நீராட்டு விழா, திருமணம், அம்மம்மாவின் எண்பதாவது பிறந்தநாள், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த கோயில் தேர்த்திருவிழா. இவற்றுக்கு வந்திருக்கும் ஆபத்து வேறு விதமானது. ஒளிநாடா இயக்கும் கருவியை இறுதிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான வுனாய், 2016 ஜூலையுடன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நாடாவின் காந்தப் பூச்சும் ஆண்டுகள் செல்லச் செல்ல உதிர்கின்றது. நிலவறை ஈரத்தில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டில் எழுதிய இறுவட்டுகளும் நிலையானவையல்ல.

கணனிக் கோப்பாக மாற்றித்தரும் கடைகள் இருக்கின்றன. கொடுக்குமுன் சிலவற்றைக் கேட்டறிதல் நன்று. பால் முறை நாடாவை இயக்கும் கருவி அவரிடம் மெய்யாகவே உண்டா? எந்தக் கணனியிலும் திறக்கும் எம்.பி.4 போன்ற பொதுவடிவத்தில் தருவாரா, அல்லது தமது தளத்தில் மாதக் கட்டணத்துக்கு வைத்துப் பார்க்கச் சொல்வாரா? பின்னதானால் வேண்டாம். நீளத்தைக் குறைக்க வெட்டவும் விடாதீர்கள். மணமேடையைப் பிடித்த பகுதியிலும் பார்க்க, குசினியில் பலகாரம் சுட்டபடி கமராவுக்கு முகம் மறைத்த மாமிமார் வரும் பகுதியே இருபது ஆண்டு சென்றபின் பெறுமதியானது. கோப்பை இரண்டு வன்தட்டுகளிற் பதிந்து இரண்டு வீடுகளில் வையுங்கள். ஊர், ஆண்டு, படத்தில் நிற்பவர்களின் பெயர், முறை ஆகியவற்றை, சொல்லத் தெரிந்த பெரியவர் உள்ளபோதே ஒரு தாளில் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

மாற்றிய பின்னரும் பழைய நாடாவை எறிய வேண்டாம். அதன் முதுகுப்புற ஓரத்தில் ஒரு சிறு பிளாஸ்ரிக் துண்டு இருக்கும். அதை நெம்பி முறித்துவிட்டால், கருவி கிடைத்து ஓட்டிப் பார்க்கும் நாளில் தவறுதலாகவேனும் அதன்மேல் வேறெதையும் பதிய இயலாது. மீண்டும் பதிய வேண்டுமென்று நீங்களே விரும்பினால், அத்துளையின் மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டினாற் போதும்.