பழைய சைக்கிளுக்குப் புதுப் பூச்சு: பவுடர் கோட்டிங் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய சைக்கிள் கிடக்கிறது. ஓட்ட முடியாது, எடைக்குப் போடவும் மனசு வராது. கேட், ஜன்னல் கிரில்லுக்குச் செய்யும் பவுடர் கோட்டிங்கை அந்த பிரேமுக்கும் செய்யலாம்.

இதில் தின்னர், பிரஷ் எதுவும் கிடையாது. மாவு போன்ற பவுடருக்கு மின்னூட்டம் கொடுத்து, துப்பாக்கியால் தெளிப்பார்கள். எர்த் செய்து தொங்கவிட்ட பிரேமில் அது சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்புக்குள் வைத்தால், பவுடர் உருகி ஒரே தோலாக இறுகிவிடும். சாதாரண பெயின்ட்போல லேசில் சிராய்க்காது.

அடிக்கும் முன் செய்யும் சுத்தம்தான் முக்கியம். பழைய பெயின்ட்டையும் துருவையும் கெமிக்கலிலோ, சேண்ட் பிளாஸ்டிங்கிலோ முழுக்க எடுக்க வேண்டும். துருவின் மேலேயே அடித்தால் உள்ளிருந்து கொப்பளித்துக் கிளம்பும். கேட்டுக்கு பிளாஸ்டிங் செய்யும் வேகத்தில் அடித்தால், சைக்கிளின் மெல்லிய குழாய் தேய்ந்துவிடும். அதனால், சைக்கிள் பிரேம் செய்து பழகிய இடமா என்று முதலிலேயே கேளுங்கள். பெயின்ட் போனதும் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். மூட்டுகளில் முடி அளவு விரிசல் இருந்தால் அப்போதுதான் கண்ணில் படும். பவுடர் ஏறினால் மறைந்துவிடும். பிறகு ஓடும்போது பிரேம் உடையும்.

பால்ரஸ், கப், கோன், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றி, பிரேமையும் ஃபோர்க்கையும் மட்டும் கொடுங்கள். மரை உள்ள இடங்கள், கப் உட்காரும் இடங்கள், சீட் கம்பி நுழையும் துளை ஆகியவற்றைச் சூடு தாங்கும் டேப்பாலும் சிலிக்கான் அடைப்பானாலும் மூடச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். அந்த இடங்களில் சாக்பீஸால் குறி போடுங்கள். மரைக்குள் பவுடர் இறுகிவிட்டால் கப் ஏறாது. மரையை மறுபடி வெட்ட வேண்டியதுதான். பிரேமில் குத்திய நம்பரையும் போட்டோ எடுத்து வையுங்கள். தடித்த பூச்சில் அது மறைந்துபோகலாம்.

கார்பன் ஃபைபர் பிரேம் என்றால் இந்தப் பக்கமே போக வேண்டாம். அந்தச் சூட்டில் அதன் ரெசின் கெட்டுவிடும். அலுமினியத்துக்குச் செய்யலாம்; ஆனால், அடுப்பில் அதிக நேரம் விட்டால் வலு குறையும்.

பழைய கறுப்பு சைக்கிள்களில் தங்க நிறத்தில் மெல்லிய கோடு ஓடுமே, அதுவும் கம்பெனி ஸ்டிக்கரும் சுத்தம் செய்யும்போதே போய்விடும். துரு மேலோட்டமாக மட்டும் இருந்தால், துடைத்து மெழுகு பாலிஷ் போட்டு அப்படியே வைத்துக்கொள்வதே உத்தமம். பளபளவென்று ஆக்கிய பிறகு, 'அப்பா சைக்கிள் மாதிரியே இல்லையே' என்று அம்மா சொன்னால் பதில் கிடையாது.

கோட்டிங் முடிந்து வந்தாலும், குழாயின் உட்புறம் வெறும் இரும்பாகத்தான் இருக்கும். பூட்டும் முன் சீட் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பிரேமை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சுற்றுங்கள். மீதி எண்ணெய் வடிய, ஒரு ராத்திரி தலைகீழாக நிறுத்திவையுங்கள்.