நோன்பு கூடுமா என்று கேட்டோம். இரத்தம் ஏன் வந்தது என்று கேட்டோமா? – கருப்பைப் பொலிப்பும் ஹிஸ்டரோஸ்கொபி சிகிச்சையும்

மாதவிடாய் நின்று இரண்டு வருடமாகிவிட்ட ஒரு உம்மாவுக்கு றமழான் மாதத்தில் ஒரு நாள் திடீரென இரத்தம் படுகிறது. வெட்கத்துடன் மகளிடம் மெதுவாகச் சொல்கிறார். மகள் முதலில் தேடுவது ஒரு மௌலவியின் தொலைபேசி இலக்கத்தை. "உம்மாட நோன்பு கூடுமா? தொழலாமா?" என்று கேட்கிறார். பதில் கிடைக்கிறது. இரண்டு நாட்களில் இரத்தமும் நின்றுவிடுகிறது. வீட்டில் அந்தப் பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது. சில மாதங்களின் பின்னர் அதே இரத்தம் மீண்டும் வருகிறது. இம்முறை உம்மா யாரிடமும் சொல்வதில்லை.

நமது எந்த ஊரிலும் நடக்கக்கூடிய விடயம் இது. மார்க்கச் சட்டத்தைக் கேட்டதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அதனுடன் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வி கேட்கப்படவே இல்லை. இந்த இரத்தம் ஏன் வந்தது? அதற்கு வைத்தியரே பதில் சொல்ல வேண்டும்.

இதைப் பேசுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) அவர்கள் தமக்கு இரத்தம் நிற்காமல் போவதை நபி (ஸல்) அவர்களிடமே நேரடியாகக் கேட்டார்கள். அது மாதவிடாய் அல்ல, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று நபியவர்கள் விளக்கினார்கள். பெண்களின் உடலிலிருந்து வெளியேறும் எல்லா இரத்தமும் ஒரே வகையானதல்ல என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல.

மாதவிடாய் அல்லாத இரத்தப்போக்குக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் அடிக்கடி காணப்படும் ஒன்று கருப்பையில் வளரும் பொலிப். அதை அகற்றுவதற்கான சிறிய சிகிச்சையே ஹிஸ்டரோஸ்கொபி. அந்தப் பெயரைக் கேட்டவுடன் "கர்ப்பப்பையை எடுக்கப் போகிறார்கள்" என்று பயந்து கிளினிக் போவதையே நிறுத்திவிடும் பெண்கள் உள்ளனர். ஆகவே இதில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பொலிப் என்றால் என்ன?

கருப்பையின் உட்சுவரில் மெல்லிய ஒரு படலம் உள்ளது. மாதம்தோறும் தடித்து, மாதவிடாயாக வெளியேறுவது இந்தப் படலம்தான். சிலருக்கு இதன் ஒரு பகுதி மட்டும் அளவுக்கு மீறி வளர்ந்து, காம்பில் தொங்கும் சிறு பழம் போலவோ அல்லது சுவரோடு ஒட்டிய மேடு போலவோ மாறிவிடும். "சதை வளர்ந்திருக்கு" என்று நம் பெண்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சில மில்லிமீற்றர் முதல் சில சென்றிமீற்றர் வரை இருக்கலாம். ஒன்றாகவும் இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம். கருப்பைத் தசையில் வளரும் பைப்ரொயிட் கட்டி வேறு, இது வேறு.

நாற்பது, ஐம்பது வயதுகளில் இது அதிகம் காணப்படுகிறது. உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், மார்பகப் புற்றுநோய்க்காக டமொக்சிபென் குளிசை எடுப்பவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். பெரும்பாலான பொலிப்கள் புற்றுநோய் அல்ல. ஆனால் ஒரு சிறு பகுதியில் புற்றுநோயோ, அதற்கு முந்திய மாற்றமோ இருக்கக்கூடும். மாதவிடாய் நின்ற பின் இரத்தம் படும் பெண்களில் அந்த வாய்ப்பு அதிகம்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

இரண்டு மாதவிடாய்களுக்கு இடையில் இரத்தம் படுதல், வழமையை விட அதிகமாக அல்லது அதிக நாட்கள் போகுதல், உடலுறவின் பின் இரத்தம் காணுதல், குழந்தை தங்காமல் போதல் ஆகியன பரிசோதிக்கப்பட வேண்டியவை.

ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது, மாதவிடாய் நின்று 12 மாதங்கள் கடந்த பின் வரும் இரத்தம். அது ஒரு சொட்டாக இருந்தாலும், ஒரே ஒரு நாள் வந்து நின்றிருந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இப்படி இரத்தம் காணும் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் புற்றுநோயாக இருப்பதில்லை. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மட்டுமே கருப்பைப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. இப்புற்றுநோய் ஆரம்பத்திலேயே இரத்தத்தைக் காட்டி நம்மை எச்சரிக்கும் நோய். அந்தக் கட்டத்தில் பிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். எச்சரிக்கையை மறைத்துவைத்தால்தான் ஆபத்து.

முதலில் ஸ்கேன் செய்வார்கள். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் கருப்பைப் படலம் தெளிவாகத் தெரியும். திருமணமாகாதவர் என்றால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். வயிற்றின் மேலால் ஸ்கேன் செய்யலாம். சிறிய, எந்தத் தொந்தரவும் தராத பொலிப்பை மாதவிடாய் நிற்காத பெண்களில் சில வேளை அப்படியே விட்டு அவதானிப்பதும் உண்டு. சில தானாகவே மறைந்தும் விடுகின்றன.

ஹிஸ்டரோஸ்கொபி என்பது என்ன?

சில மில்லிமீற்றர் தடிப்புள்ள, நுனியில் வெளிச்சமும் கெமராவும் கொண்ட மெல்லிய குழாய் ஒன்றைப் பிறப்புறுப்பு வழியாகக் கருப்பைக்குள் செலுத்துவார்கள். கருப்பையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால், சேலைன் போன்ற திரவத்தை உள்ளே செலுத்தி அதைச் சற்று விரியச் செய்வார்கள். உள்ளே இருப்பது திரையில் தெரியும். பொலிப்பைக் கண்ணால் பார்த்தபடியே சிறு கத்தரிக்கோல், பிடிகருவி அல்லது மின்சூடு தரும் கம்பியால் அடியோடு வெட்டி எடுப்பார்கள்.

வயிற்றில் வெட்டு இல்லை, தையல் இல்லை, தழும்பு இல்லை. கருப்பை அதன் இடத்திலேயே இருக்கும். குழந்தைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்களுக்குப் பொலிப்பை அகற்றுவது உதவியாகவும் அமையலாம்.

முன்னர் இதற்கு "டி அன்ட் சி" எனப்படும் சுரண்டும் முறையே செய்யப்பட்டது. அது கண்ணால் பார்க்காமல் செய்வது. பொலிப் தவறிவிடவோ, பாதி மீதியாகிவிடவோ இடமுண்டு. பார்த்துச் செய்வதே இப்புதிய முறையின் சிறப்பு. உண்மையில் எண்ணம் புதியதல்ல. 1869 இல் பந்தலேயோனி என்ற வைத்தியர் முதன்முதலாகக் குழாய் மூலம் ஒரு பெண்ணின் கருப்பைக்குள் பார்த்தார். அவர் மாதவிடாய் நின்ற பின் இரத்தம் கண்ட 60 வயதுப் பெண். உள்ளே இருந்தது ஒரு பொலிப்.

போவதற்கு முன்

மாதவிடாய் வரும் பெண் என்றால், மாதவிடாய் முடிந்த அடுத்த சில நாட்களே பொருத்தமான காலம். அப்போது படலம் மெல்லியதாக இருப்பதால் பொலிப் தெளிவாகத் தெரியும். கர்ப்பம் இல்லை என்பதும் உறுதிசெய்யப்படும். அந்தச் சோதனையைக் கேட்டால் கோபப்பட வேண்டாம்; எல்லோருக்கும் செய்வதுதான்.

பாவிக்கும் எல்லாக் குளிசைகளையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர்களும், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களும் எதை எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியரிடமே கேட்க வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. மருந்து ஒவ்வாமை, ஆஸ்துமா இருந்தால் சொல்லுங்கள். ஊர் மருந்து, கசாயம் குடித்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் ஆறு மணித்தியாலங்களுக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். தண்ணீரை எதுவரை குடிக்கலாம் என்பதை அவர்களே சொல்வார்கள். "ஒரு பிளேன்டீ மட்டும்தானே" என்று குடித்துவிட்டு மறைப்பது ஆபத்தானது. மயக்கத்தில் வயிற்றிலுள்ளது சுவாசப்பைக்குள் போய்விடலாம்.

அரச வைத்தியசாலைகளில் இது இலவசம். ஆனால் எல்லா வைத்தியசாலைகளிலும் இந்தக் கருவி இருக்காது; பெரிய வைத்தியசாலை ஒன்றுக்கு அனுப்பலாம், திகதிக்குக் காத்திருக்கவும் நேரலாம். மாதவிடாய் நின்ற பின் வந்த இரத்தம் என்றால் அதைத் திகதி குறிக்கும்போதே தெளிவாகச் சொல்லுங்கள். தனியார் வைத்தியசாலை என்றால் வைத்தியர், மயக்க மருந்து, தியேட்டர், பயொப்சி எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவைக் கேளுங்கள்.

சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிடுவது நோயாளியான பெண்தான். கணவரோடு கலந்து பேசுவது நல்லது. ஆனால் என்ன செய்யப் போகிறார்கள் என்பது அவருக்கு விளங்க வேண்டும். "பொலிப்பை மட்டும்தான் எடுப்பீர்களா? வேறு ஏதாவது கண்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

அவ்ரத் பற்றிய தயக்கம்

நமது பெண்கள் பலர் வெளியே சொல்லாமல் மனதுக்குள் வைத்திருக்கும் கவலை இது. பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்கலாம். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தேவை ஏற்படும்போது ஆண் வைத்தியர் பார்ப்பதற்கு மார்க்க அறிஞர்கள் இடமளித்தே இருக்கிறார்கள். பரிசோதனையின் போது பெண் தாதி ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று கேளுங்கள். தியேட்டரில் கால்களை உயர்த்திப் படுக்கவைப்பார்கள். ஆனால் தேவையான இடம் தவிர்ந்த உடல் துணியால் மூடப்பட்டிருக்கும். தலையை மூட தியேட்டர் தொப்பி தருவார்கள்.

அந்த நாளில்

முழு மயக்கத்திலோ, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்தோ இதைச் செய்யலாம். சிறிய பொலிப் என்றால் மயக்கமின்றியும் செய்வதுண்டு. அப்போது மாதவிடாய் வலி போன்ற பிடிப்பு இருக்கும். தாங்க முடியாவிட்டால் "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம். வலியைச் சகித்துக்கொண்டு வாய்மூடியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வேலை பெரும்பாலும் 10 முதல் 30 நிமிடங்களில் முடிந்துவிடும். சில மணித்தியாலங்கள் அவதானித்துவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பலாம். மயக்க மருந்து எடுத்தவர் தனியாகப் போகக் கூடாது. அன்றைய தினம் வாகனம் ஓட்டவும் கூடாது.

ஆபத்துகள் அறவே இல்லையென்று சொல்ல முடியாது. கிருமித்தொற்று, அதிக இரத்தப்போக்கு, செலுத்திய திரவம் உடலில் அதிகம் சேர்தல் என்பன அரிதாக நேரலாம். கருப்பைச் சுவரில் துளை ஏற்படுவது நூறில் ஒருவருக்கும் குறைவாகவே நிகழ்கிறது. அதுவும் பெரும்பாலும் தானாக ஆறிவிடும்.

வீட்டுக்கு வந்த பின்

ஓரிரு நாட்கள் அடிவயிற்றில் பிடிப்பு இருக்கும். பரசிட்டமோல் போன்ற வலி மருந்து போதும். சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை சிறிது சிறிதாக இரத்தமோ இளஞ்சிவப்பு நீரோ போகலாம். பேட் மட்டும் பாவியுங்கள். இரத்தம் நிற்கும் வரை, குறைந்தது ஒரு வாரமாவது, உடலுறவைத் தவிர்க்கச் சொல்வார்கள். குளிக்கலாம். பிள்ளைப்பேறு போலப் பத்தியமும் நாற்பது நாள் ஓய்வும் தேவையில்லை. பலர் ஓரிரு நாட்களில் வழமைக்குத் திரும்புகிறார்கள். ஆனால் அடுத்த நாளே சமையலறை முழுவதையும் அவர் தலையில் சுமத்த வேண்டும் என்பதும் இதற்கு அர்த்தமல்ல.

ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் நனையும் அளவு இரத்தம், காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெளியேற்றம், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இந்த நாட்களில் தொழுகை, நோன்பு பற்றி ஆலிமிடம் கேட்கும்போது மூன்று தகவல்களைச் சேர்த்துச் சொல்லுங்கள்: சத்திரசிகிச்சை நடந்த திகதி, வழமையான மாதவிடாய்த் திகதி, இந்த இரத்தம் எதனால் என்று வைத்தியர் சொன்ன விளக்கம். இவை இருந்தால்தான் அவரால் சரியான சட்டத்தைச் சொல்ல முடியும்.

அறிக்கையை எடுக்காமல் விடாதீர்கள்

எடுத்த பொலிப்பைப் பயொப்சி சோதனைக்கு அனுப்புவார்கள். அறிக்கை வரச் சில வாரங்கள் எடுக்கலாம். "இரத்தம் நின்றுவிட்டது, இனி ஏன் போக வேண்டும்" என்று அதை எடுக்காமல் விடுவது மிகப் பெரிய தவறு. பொலிப்பை எடுத்தது பாதி வேலை. அது என்ன என்று தெரிந்துகொள்வதே மீதி. எங்கே, எந்தத் திகதியில் அறிக்கையை எடுப்பது என்பதை வீட்டுக்கு வரும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். பொலிப் மீண்டும் வளரவும் கூடும். ஆகவே மறுபடி இரத்தம் கண்டால், "முன்பே எடுத்தாச்சே" என்று இருந்துவிடாமல் திரும்பவும் காட்ட வேண்டும்.

மௌலவிமாருக்கும் ஒரு வேண்டுகோள். இப்படியான கேள்விகள் முதலில் வந்து சேர்வது உங்களிடம்தான். சட்டத்தைச் சொல்லும் அதே மூச்சில், "உம்மாவை ஒரு வைத்தியரிடம் காட்டினீர்களா?" என்ற ஒரு வசனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாப்பாமாரும் ஆண்மக்களும் வீட்டுப் பெண்கள் இதைச் சொல்லும்போது முகம் சுளிக்காமல், அடுத்த கிளினிக் நாள் எது என்று விசாரித்துக் கூட்டிச் செல்லுங்கள். நமது உம்மாமார் வெட்கத்தினால் மறைக்கும் ஒரு சொட்டு இரத்தம், அவர்களின் உயிரைக் காப்பாற்றக்கூடிய செய்தியாகவும் இருக்கலாம்.