செவிலியர் நாள்: பரிசுக்கு முன் நீதி

ஒவ்வோர் ஆண்டும் மே 12ஆம் நாள் உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நவீன செவிலியப் பணிக்கு வித்திட்ட பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1820ஆம் ஆண்டு பிறந்த நாள் அது. அன்று நம் ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் மெழுகுதிரி ஏற்றி உறுதிமொழி எடுக்கிறார்கள். கேக் வெட்டுகிறார்கள். ஆளுக்கு ஒரு ரோஜாப்பூ, மருத்துவமனையின் பெயர் பொறித்த ஒரு கோப்பை அல்லது பேனா, மேடையில் ஒரு நன்றியுரை, இறுதியில் குழுவாக ஒரு புகைப்படம். மறுநாள் காலை எல்லாம் பழையபடி.

அமெரிக்காவில் மே 6 முதல் 12 வரை ஒரு வாரமே செவிலியருக்கென்று ஒதுக்கப்பட்டுள்ளது. அங்கும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. நிர்வாகம் வாங்கித் தரும் பீட்சாவும் மிட்டாயும் கோப்பையும் செவிலியரிடையே ஒரு கேலிப் பொருளாகவே ஆகிவிட்டன. ஆள் பற்றாக்குறையால் அந்தப் பீட்சாவை உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரமில்லை என்பதுதான் அவர்களுடைய குறை. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

பரிசு கொடுப்பது தவறா?

தவறே இல்லை. நன்றி சொல்வது மனிதப் பண்பு, கிறிஸ்தவப் பண்பும்கூட. குணமாகி வீடு திரும்பும் ஒரு நோயாளி, தன்னைக் கவனித்த செவிலியரின் கையில் இரண்டு ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்தால் அது விலைமதிப்பற்ற பரிசு. அந்த நோயாளி அவருக்கு வேறு எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை. தன்னிடம் உள்ளதிலிருந்து கொடுக்கிறார்.

வேலை கொடுத்தவரின் நிலை வேறு. அவர் அந்தச் செவிலியருக்குச் சில கடமைகள் பட்டிருக்கிறார்: உழைப்புக்கேற்ற ஊதியம், தாங்கக்கூடிய வேலைச்சுமை, ஓய்வு, பாதுகாப்பு. இவற்றைக் கொடுத்துவிட்டு மேலும் ஒரு பூவைக் கொடுத்தால் அது அன்பு. இவற்றைக் கொடுக்காமல் பூவை மட்டும் கொடுத்தால், அந்தப் பூ கடனை மறைக்கும் திரையாகிவிடுகிறது. பரிசின் விலை குறைவு என்பதல்ல செவிலியரின் வருத்தம். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்பதே வருத்தம்.

கைத்தட்டலுக்குப் பின்னால்

கொரோனா காலத்தை நாம் மறந்திருக்க முடியாது. 2020 மார்ச் 22ஆம் நாள் மாலை 5 மணிக்கு நாடு முழுவதும் மக்கள் வாசலில் நின்று கைதட்டினார்கள், தட்டுகளை ஒலித்தார்கள். மே 3ஆம் நாள் விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது மலர் தூவின. அந்த நன்றியில் உண்மை இருந்தது. பலர் கண்கலங்கி நின்றார்கள்.

ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015இல் தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு ஆயிரக்கணக்கான செவிலியர்கள் ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்டார்கள். அவர்களுக்குத் தரப்பட்ட தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராட வேண்டியதாயிற்று. பின்னர் அத்தொகை உயர்த்தப்பட்டது. கொரோனாவின்போது அவசரமாகப் பணியில் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களின் பணிக்காலம் 2022 டிசம்பர் 31ஆம் நாள் முடித்துவைக்கப்பட்டது. அவர்கள் போராடிய பிறகு வேறு தற்காலிகப் பணியிடங்கள் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. மலர் தூவிய நாளுக்கும் அந்த டிசம்பருக்கும் இடையே மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை.

பிரித்தானியாவிலும் இதே கதைதான். 2020இல் வாரந்தோறும் வியாழக்கிழமை மக்கள் கைதட்டினார்கள். 2021 ஜூலையில் அந்நாட்டின் தேசிய நலவாழ்வுச் சேவைக்கு ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய விருது அறிவிக்கப்பட்டது. அதே 2021இன் தொடக்கத்தில் அரசு முன்மொழிந்திருந்த ஊதிய உயர்வோ ஒரு விழுக்காடு. 2022 டிசம்பரில் அந்தச் செவிலியர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விருதையும் கைத்தட்டலையும் கொண்டு வாடகை கட்ட முடியாது அல்லவா?

உண்மையில் என்ன வேண்டும்?

முதலாவது, போதிய ஆட்கள். பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் அளவுகோல். இரவுப் பணியில் ஒரே செவிலியர் இருபது, முப்பது படுக்கைகளுக்கு ஓடுவதை, உறவினருக்குத் துணையிருந்த நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். இது செவிலியரின் களைப்போடு முடிகிற காரியமன்று. 2002இல் அமெரிக்காவில் லிண்டா ஐக்கனும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, அறுவைச் சிகிச்சைக்கு வந்த நோயாளிகளைப் பற்றியது. செவிலியர் ஒருவரின் பொறுப்பில் மேலும் ஒரு நோயாளி சேரும்போது, 30 நாள்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுவதை அது காட்டியது. ஆகவே ஆள் குறைப்பின் விலையைக் கொடுப்பது நோயாளியும்தான்.

இரண்டாவது, நியாயமான ஊதியம். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலை குறித்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு குழு அமைக்கப் பணித்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம், 50 படுக்கைகளுக்குக் குறைந்த சிறு மருத்துவமனைகளிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம் என்று அக்குழு பரிந்துரைத்தது. பல ஆண்டுப் போராட்டங்களுக்குப் பின் கேரள அரசு 2018இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. பரிந்துரை நாடு முழுமைக்கும் உரியது. ஆனால் அதை நடைமுறைப்படுத்துவது அந்தந்த மாநிலத்தின் கையில் விடப்பட்டது.

மூன்றாவது, மதிப்பு. அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தருவது, உரிய விடுப்பைத் தருவது, இரவுப் பணி முடிந்து செல்பவருக்குப் பாதுகாப்பான வாகனம், அவர்மீது கை ஓங்குபவர்மேல் நடவடிக்கை. இவை கிடைக்காதபோது படித்த நம் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் புறப்பட்டுவிடுகிறார்கள். உலகில் 2 கோடியே 98 இலட்சம் செவிலியர்கள் இருந்தும் இன்னும் 58 இலட்சம் பேர் குறைவு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

இரண்டு தெனாரியம்

நல்ல சமாரியர் உவமையை (லூக் 10:30-37) நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். காயம்பட்டவரைச் சமாரியர் தூக்கிச் சென்றதோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். மறுநாள் காலை நடந்ததைக் கவனிப்பதில்லை. தாம் போன பிறகு அந்த நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் சாவடிப் பொறுப்பாளர். அவரிடம் சமாரியர் இரண்டு தெனாரியத்தைக் கொடுக்கிறார். ஒரு தெனாரியம் அன்றைய ஒரு நாள் கூலி. அதோடு விடவில்லை, கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்களிக்கிறார்.

இரக்கத்தின் சிகரமாக நாம் போற்றும் இந்த மனிதர் கணக்கிலும் நேர்மையானவர். தம் இரக்கத்தின் சுமையைப் பிறர் தலையில் இலவசமாக ஏற்றவில்லை. பராமரிப்பவருக்குச் செலவு உண்டு, நேரம் உண்டு, வயிறு உண்டு என்று அறிந்திருந்தார். கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடக் கட்டளையிடும் சட்டத்தையும் (இச 24:14-15), பிடித்து வைத்த கூலியே கடவுளை நோக்கிக் கூக்குரலிடும் என்னும் யாக்கோபின் எச்சரிக்கையையும் (யாக் 5:4) இதனுடன் சேர்த்து வாசிப்போம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி 1965இல் வெளியிட்ட ஏட்டில் இதைத் தெளிவாகவே உணர்த்துகிறது. முதலில் நீதியின் கோரிக்கைகள் நிறைவேற வேண்டும். நீதிப்படி ஒருவருக்குச் சேர வேண்டியதை அன்புக் கொடை போலக் கொடுக்கக் கூடாது என்பது அதன் போதனை. செவிலியர் நாளின் கோப்பைக்கும் கேக்குக்கும் இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

சேவை என்னும் சொல்

இங்கே நம் திருச்சபை தன்னையும் சோதித்துப் பார்க்க வேண்டும். நம் மருத்துவமனைகளும் மருந்தகங்களும் ஏழைகளுக்குச் செய்துவரும் பணி மகத்தானது. வார்த்தைப்பாடு எடுத்த அருள்சகோதரி ஊதியம் எதிர்பாராமல் உழைக்கலாம். அவரைத் தாங்க அவருடைய சபை இருக்கிறது. அதே வார்டில் பணிசெய்யும் பொதுநிலைச் செவிலியருக்குக் கல்விக் கடன் இருக்கிறது, வயதான பெற்றோர் இருக்கிறார்கள், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. இது வேலையல்ல, சேவை என்று அவரிடம் சொல்லிக் குறைத்துக் கொடுப்போமானால், சேவை செய்வது அவர்; புகழ் பெறுவது நாம். ஏழை நோயாளிக்குக் கட்டணச் சலுகை தர வேண்டுமென்றால் அதை நிறுவனமும் நன்கொடையாளரும் தாங்க வேண்டும். செவிலியரின் சம்பளத்திலிருந்து அதை எடுக்கக் கூடாது.

நைட்டிங்கேல் அம்மையார் வாழ்விலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. கிரிமியப் போர்க்காலத்தில் அவரைப் பாராட்டுவதற்காக 1855இல் மக்கள் நிதி திரட்டத் தொடங்கினார்கள். சுமார் 45,000 பவுண்டு சேர்ந்தது. அந்த நிதியைக் கொண்டு 1860இல் இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பாராட்டு அலமாரியில் ஏறி அமரவில்லை. அடுத்த தலைமுறைச் செவிலியருக்குப் படிப்பாக மாறியது.

நாம் செய்யக்கூடியவை

நம்மில் மருத்துவமனை நடத்துபவர்கள், நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் அடுத்த மே 12க்கு முன் செவிலியரிடமே கேட்கலாம்: உங்களுக்கு என்ன வேண்டும்? பதில் பெரும்பாலும் எளிமையாக இருக்கும். இரவில் இன்னும் ஓர் ஆள், காலத்தோடு சம்பளம், உட்கார்ந்து உண்ண ஓர் அறை. நோயாளியாகவோ உறவினராகவோ செல்லும் நாம் அவரைப் பெயர் சொல்லி மரியாதையோடு அழைக்கலாம். தாமதத்துக்குக் காரணமில்லாத அவர்மீது கோபத்தைக் கொட்டாமலிருக்கலாம். அவர்கள் நியாயம் கேட்டுத் தெருவில் நிற்கும்போது, நோயாளிகளை விட்டுவிட்டு வந்தார்களே என்று பேசுமுன், எதற்காக வந்தார்கள் என்று விசாரிக்கலாம்.

கோப்பையும் கொடுப்போம், ரோஜாவும் கொடுப்போம். அதற்கு முன் இரண்டு தெனாரியத்தை எண்ணிக் கொடுப்போம். அப்போதுதான் நம் நன்றியை அவர்களால் நம்ப முடியும்.