நாட்டுப்படகு மீன்பிடிப்பில் கடற்பாதுகாப்பு

நாட்டுப்படகு மீன்பிடிப்பில் கடற்பாதுகாப்பு என்பது, கண்ணாடியிழைப் படகு, வள்ளம், கட்டுமரம் முதலிய சிறு கலங்களில் கரையை விட்டுச் செல்லும் மீனவர்கள் உயிருடன் திரும்புவதற்காக மேற்கொள்ளும் ஆயத்தங்களையும் நடைமுறைகளையும் குறிக்கும். விசைப்படகுகளில் மேல்தளம், அறை, வானொலிக் கருவி ஆகியவை இருக்கும். சிறு படகில் இவை எதுவும் இல்லை. மூன்று அல்லது நான்கு பேர், வலை, எரிபொருள், குடிநீர், பிடித்த மீன் அனைத்தும் ஒரே திறந்த ஓட்டுக்குள் இருக்கின்றன. இக்கட்டுரை தமிழகக் கடற்கரையை, குறிப்பாகக் கன்னியாகுமரி மாவட்டத்தைக் கருத்தில் கொண்டு எழுதப்பட்டது.

கலத்தின் இயல்பு

கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். அலை அதன்மேல் ஏறினாலும் நீர் இடைவெளிகளின் வழியே வடிந்துவிடும். ஆகவே அதை மூழ்கடிக்க இயலாது. கவிழ்ந்தாலும் புரட்டிப் போட்டு மீண்டும் ஏறிக்கொள்ளலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வழங்கப்பட்ட கண்ணாடியிழைப் படகுகள் பல ஊர்களில் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்தன. இவை வேகமானவை, கூடுதல் தொலைவு செல்லக்கூடியவை, அதிக வலை ஏற்றக்கூடியவை. ஆனால் இவை உட்குழிவானவை. ஓர் அலை உள்ளே விழுந்தால் அந்த நீர் தானாக வெளியேறாது. தேங்கிய நீர் ஒரு பக்கமாகச் சாயும்போது படகும் அதே பக்கம் சாயும்.

எனவே இருக்கைகளின் அடியிலும் முன்பகுதியாகிய அணியத்திலும் மிதவை நுரை நிரப்பிய மூடிய அறைகள் இருத்தல் இன்றியமையாதது. இவை பழுதின்றி இருந்தால் கவிழ்ந்த படகும் நீர்மட்டத்தில் மிதந்துகொண்டிருக்கும். பொருள் வைக்க இடம் வேண்டும் என்று இவ்வறைகளை வெட்டித் திறந்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிக் கிடைக்கும் இடம் ஓர் ஐஸ் பெட்டிக்குக்கூடப் போதாது. அதற்காக இழப்பதோ படகின் மிதப்பாற்றல்.

அலை உடையும் பகுதி

ஆழ்கடலே ஆபத்து மிக்கது என்பது கடலறியாதவர் எண்ணம். சிறு படகுக்கு முதல் கண்டம் கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள், அலை உடையும் பகுதியில் இருக்கிறது. ஓர் அலை தன் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்தை அடையும்போது உடையும். 1 மீட்டர் அலை கரையை ஒட்டி உடைய, 2 மீட்டர் அலை அதற்கு வெகுமுன்பே, ஆழம் இன்னும் 2.6 மீட்டர் இருக்கும் இடத்திலேயே உடைந்துவிடும். அலை பெரிதாகும் நாளில் படகு கடக்கவேண்டிய நுரைப்பகுதியின் நீளமும் கூடுகிறது என்பதே இதன் பொருள்.

அலைகள் ஒரே சீராக வருவதில்லை. பெரிய அலைகள் சில அடுத்தடுத்து வந்தபின் சற்றே அடங்கும். அனுபவமுள்ள மீனவர் படகை நீரில் இறக்கியபின் இந்த இடைவெளிக்காகக் காத்திருப்பதைக் காணலாம். அணியம் அலைக்கு நேராக இருக்க வேண்டும். விலாப்புறம் காட்டினால் கவிழும். இந்நேரத்தில் இயந்திரம் நின்றுபோவது மிகக் கேடானது. அவுட்போர்டு இயந்திரம் பெட்ரோலில் கிளப்பப்பட்டு, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுவது பரவலான வழக்கம். இம்மாற்றத்தை அலைப்பகுதியைத் தாண்டிய பின்னரே செய்வது நல்லது.

திரும்பி வருவது புறப்படுவதைவிடக் கடினம். பின்னாலிருந்து வரும் அலை படகைத் தூக்கி முன்னே தள்ளும். அப்போது அணியம் நீரில் குத்தி, பின்பகுதி பக்கவாட்டில் சுழன்று, படகு ஒரே நொடியில் உருண்டுவிடும். இதைத் தவிர்க்க, முன்னே செல்லும் அலையின் முதுகில் படகை வைத்து, அதன் முகட்டை முந்தாமலும் பின்வரும் அலையிடம் சிக்காமலும் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். மீன் நிறைந்த படகு இக்கட்டளைகளுக்கு மெதுவாகவே இணங்கும். நல்ல பாடு கிடைத்த நாளிலேயே கரையருகில் கவிழ்வது நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆற்று முகத்துவாரங்களிலும் துறைமுக வாயில்களிலும் மற்றொரு சிக்கல் உண்டு. வற்று நீர் வெளியே பாயும்போது எதிரே வரும் அலை குறுகிச் செங்குத்தாக எழும். மணல் சேர்ந்து ஆழம் குறைந்திருந்தால் இது இன்னும் கூடும். கன்னியாகுமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் இவ்வாறு படகுகள் கவிழ்ந்து உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன.

காற்று வீசாத தெளிந்த நாளிலும் கடல் திடீரெனப் பொங்கிக் கரையேறுவதுண்டு. இது கள்ளக்கடல் எனப்படும். தொலைவில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழுந்த புயல்களின் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து வந்து சேர்வதே இதற்குக் காரணம். உள்ளூர் வானத்தைப் பார்த்து இதை முன்னறிய முடியாது.

வானிலைச் செய்தியைப் புரிந்துகொள்ளல்

இந்திய வானிலை ஆய்வுத்துறை காற்று, புயல் எச்சரிக்கைகளையும், ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை உயரம், நீரோட்டம் பற்றிய முன்கணிப்புகளையும் நாள்தோறும் வெளியிடுகின்றன. இச்செய்திகளில் வரும் அலை உயரம் பலராலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அது மிகப் பெரிய அலையின் உயரம் அன்று. வரும் அலைகளுள் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. '2 மீட்டர்' என்று அறிவிக்கப்பட்ட கடலில் நாள் முழுதும் இருந்தால் 4 மீட்டரை நெருங்கும் தனி அலை ஒன்றையும் எதிர்பார்க்கத்தான் வேண்டும். காற்றின் வேகமும் அப்படியே. 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65' என்னும் அறிவிப்பில் படகைக் கவிழ்க்கக்கூடியது அந்தக் கடைசி எண்ணே.

வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுகளுக்குப் பெயரிட்டு, நீரோட்டமாகிய நீவாட்டின் திசையையும் கணித்துத் தொழில் செய்த மரபறிவு இன்றும் பயன்படுவதே. மலை முகடு, கோயில் கோபுரம், தேவாலயக் கோபுரம் ஆகியவற்றை ஒன்றோடொன்று நேர்கோட்டில் பொருத்திக் கடலில் இடத்தைக் குறிக்கும் கணியம் என்னும் முறை, ஜிபிஎஸ் கருவியின் மின்கலம் தீர்ந்தபின்னும் வேலை செய்யும். எனினும் கரை கண்ணுக்கு மறையும் தொலைவுக்கு இயந்திரப் படகுகள் செல்லத் தொடங்கிய பின், இம்மரபறிவை மட்டும் நம்புவது போதாது.

ஒக்கிப் புயல் காட்டியது

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாளே குமரிக் கடலில் ஒக்கிப் புயலாக மாறியது. பொதுவாகப் புயல் வலுப்பெறச் சில நாள்கள் எடுக்கும். இதற்கு ஒரு நாளே போதுமாக இருந்தது. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் மீனவர்கள் பலர் அதற்குள் கடலில் இருந்தனர். பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் அதற்கும் முன்பே வெகுதூரம் சென்றிருந்தன. தப்பிய படகுகளிற் சில இலட்சத்தீவிலும் மகாராட்டிரக் கரையிலும் ஒதுங்கின. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் மிதந்து மீண்டவர்களும் உண்டு. திரும்பாதவர்கள் பலர்.

எச்சரிக்கை போதிய காலத்தில் தரப்பட்டதா என்பது பற்றிக் கருத்து வேறுபாடுகள் உள்ளன. ஆனால் ஒன்றில் ஐயமில்லை: கரையில் ஒலித்த எச்சரிக்கை கடலில் இருந்தவர்களின் காதுக்கு எட்டவில்லை. கைப்பேசிக் கோபுரத்தின் அலை கரையிலிருந்து சில கடல்மைல் தொலைவிலேயே நின்றுவிடுகிறது.

தகவல் தொடர்பு

விஎச்எஃப் வானொலியில் 16ஆம் அலைவரிசை உலகெங்கும் இடர் அழைப்புக்கு உரியது. 'மேடே' என மூன்று முறை கூறி, படகின் பெயர், இருக்கும் இடம், ஆட்களின் எண்ணிக்கை, என்ன இடர் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். இவ்வானொலி நேர்ப்பார்வைத் தொலைவுக்கே எட்டும். கையில் பிடித்த கருவியை நின்றுகொண்டு உயர்த்திப் பேசுவதால் எட்டும் தொலைவு சிறிது கூடும். இஸ்ரோ உருவாக்கிய இடர் எச்சரிக்கைக் கருவி செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புவதால் அதற்குத் தொலைவு ஒரு தடையன்று. முதலில் வந்த கருவியில் அழைப்பு போய்ச் சேர்ந்ததா என்று அறிய வழியில்லை; 2024 இல் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கருவி பதிலையும் பெற்றுத் தரும். கைப்பேசி எட்டும் தொலைவில் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலும், தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல்துறையை 1093 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

இயந்திரம் நின்றால்

எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு இருப்பு என்பது எளிய கணக்கு. ஸ்பார்க் பிளக், காற்றாடிக்கான பின், சாவிகள் ஆகியவற்றை நீர் புகாத டப்பாவில் வைத்திருக்க வேண்டும். இயந்திரம் நின்ற படகு தானாகவே அலைக்கு விலாப்புறம் காட்டித் திரும்பும். ஆழம் மிகுந்த இடத்தில் நங்கூரம் தரை தொடாது. அப்போது வலைச்சுருளையோ கயிறு கட்டிய வாளிகளையோ அணியத்திலிருந்து கடலில் இழுபடவிட்டால், அவை நீரைப் பிடித்து அணியத்தை அலைக்கு நேராக நிறுத்தும். பாக்கு நீரிணையில் இது படகு எல்லை தாண்டி ஒதுக்கப்படுவதையும் தாமதப்படுத்தும்.

கவிழ்ந்தால்

உயிர்காப்பு மேலங்கி வெக்கையாக இருக்கிறது, வலையில் மாட்டுகிறது என்பன உண்மையான குறைகளே. ஆயினும் கவிழும்போது பெட்டியைத் திறந்து எடுத்து அணிய நேரம் கிடைப்பதில்லை. அலைப்பகுதியைக் கடக்கும்போதும் இரவிலுமாவது அணிந்திருக்க வேண்டும்.

கவிழ்ந்த படகை விட்டு நீந்திச் செல்லக் கூடாது. கரை விளக்கு அருகில் தெரிவதுபோல் தோன்றும். நீவாடு எதிராக இருந்தால் நல்ல நீச்சல்காரரும் அதை அடைய இயலாது. வானூர்தியிலிருந்து மனிதத் தலை தெரிவது அரிது. 9 மீட்டர் படகின் அடிப்புறம் தெரியும். படகின் அடிப்புறத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு வண்ணம் பூசுவதும், பற்றிக்கொள்ள விளிம்பு நெடுகக் கயிறு கட்டுவதும் செலவு குறைந்த ஏற்பாடுகள். எவ்வளவு தாகம் எடுத்தாலும் கடல்நீரைக் குடிக்கக் கூடாது.

புறப்படும் முன் எத்திசையில், எத்தனை பேர், எப்போது திரும்புவது என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவைக்க வேண்டும். அவர் எவ்வளவு நேரம் காத்திருந்து தகவல் தருகிறார் என்பதைப் பொறுத்துத் தேடும் பரப்பு மாறும். மணிக்கு 1 கடல்மைல் வேகத்தில், திசை தெரியாமல் ஒதுக்கப்படும் படகை 3 மணி நேரத்தில் தேடத் தொடங்கினால் ஏறத்தாழ 97 சதுர கிலோமீட்டர் தேட வேண்டியிருக்கும். "வந்துவிடுவார்கள்" என்று 12 மணி நேரம் பொறுத்திருந்தால் அப்பரப்பு 1,550 சதுர கிலோமீட்டராகிவிடும்.