மெய்யொலியால் கட்டிய கவிதை

ஸ்காட்லாந்தின் மிகப் பழைய கவிதை எது என்று கேட்டால், அறிஞர்கள் கைகாட்டுவது வேல்ஸ் மொழிப் பாட்டு ஒன்றை. கென்னத் ஜாக்சன் 1969இல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது நூலின் தலைப்பிலேயே அப்படிச் சொல்லிவிட்டார். வேல்ஸ் எங்கே, எடின்பரோ எங்கே என்று தோன்றும். 6ஆம் நூற்றாண்டில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ரோமானியப் படை பிரிட்டனை விட்டுப் போன பிறகும், எடின்பரோ தொடங்கித் தென்மேற்கு முனையான கார்ன்வால் வரை, வேல்ஸ் மொழிக்குத் தாயான மொழியைத்தான் மக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலம் பேசியவர்கள் கிழக்கிலிருந்து பரவப் பரவ அது துண்டு துண்டாகச் சுருங்கியது. வடக்கே மொழி அழிந்தது. வடக்கின் பாட்டு மட்டும் வேல்ஸுக்கு வந்து பிழைத்தது. இழந்த அந்த நிலத்தை வேல்ஸ்காரர்கள் இன்றும் ‘பழைய வடக்கு’ என்கிறார்கள்.

பாட்டின் பெயர் ‘கொடோதின்’. பாடியவர் அனைரின் என்பது மரபு. எடின்பரோ மண்டபத்தில் முந்நூறு வீரர்களுக்கு ஓராண்டு விருந்து நடக்கிறது. தேறல் ஓடுகிறது. உண்ட தேறலுக்குக் கடன் தீர்க்க அவர்கள் தெற்கே கத்ராய்த் என்ற இடத்துக்குப் போகிறார்கள். இன்றைய யார்க்ஷரில் இருக்கும் கேட்டரிக்தான் அது என்பது பெரும்பாலோர் கருத்து. காலம் கி.பி. 600ஐ ஒட்டி. ஏறத்தாழ எல்லோரும் மடிகிறார்கள். இவ்வளவு கதையையும் நாம்தான் கோத்தெடுக்க வேண்டியிருக்கிறது. பாட்டு அதைச் சொல்வதில்லை. செய்யுளுக்கு ஒரு வீரன், அவனுக்கு ஒரு கையறுநிலை, அவ்வளவுதான். கேட்டவர்களுக்குக் கதை தெரியும், செத்தவர்களின் பெயர் மறக்கக் கூடாது என்பதே கவிஞனின் கவலை.

இந்தப் பாட்டு நமக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு பழைய சுவடியில். ‘அனைரின் புத்தகம்’ எனப்படும் அது 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்டது. சண்டைக்கும் சுவடிக்கும் நடுவே அறுநூற்று ஐம்பது ஆண்டுகள். அதுவரை பாட்டு எங்கே இருந்தது? இங்கேதான் மொழியியல் துப்பறியும் வேலைக்கு வருகிறது.

சுவடியை எழுதியவர்கள் இரண்டு பேர். முதலாமவர் 88 செய்யுள்களைத் தம் காலத்து எழுத்துமுறையில் எழுதினார். இரண்டாமவர் மேலும் பல செய்யுள்களைச் சேர்த்தார். அவற்றில் பல, முதலாமவர் எழுதிய அதே செய்யுள்களின் வேறு வடிவங்கள். இவருடைய எழுத்துமுறைதான் ஆளைக் காட்டிக்கொடுத்தது. பழைய வேல்ஸ் எழுத்துமுறையில், சொல்லின் நடுவே மெலிந்து ஒலிக்கும் ஒலியையும் வல்லெழுத்தாலேயே எழுதுவார்கள். ‘பகல்’ என்பதில் வரும் ‘க’வை நாம் மெலித்துச் சொன்னாலும் எழுத்து மாறுவதில்லையே, அதே ஏற்பாடு. 12ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அங்கே அந்த வழக்கம் போய், காதில் விழுகிற ஒலிக்கே எழுத்து வந்துவிட்டது. இரண்டாமவர் தொடக்கத்தில் பழைய எழுத்தைப் புதுப்பித்துக்கொண்டே வந்தார். போகப்போக அந்த அக்கறை குறைந்து, பின்பகுதியை முன்னால் இருந்தபடியே படியெடுத்துவிட்டார். அவர் சோர்ந்துபோனாரோ என்னவோ, அந்தச் சோர்வுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அவர் பார்த்து எழுதிய மூலம் 9 அல்லது 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது அதனால்தான். அறுநூற்று ஐம்பது ஆண்டு இடைவெளி ஏறக்குறைய முந்நூறாகக் குறுகியது. மீதி முந்நூறை நினைவும் நாவும் கடந்திருக்க வேண்டும். இதை ஏற்காமல், பாட்டே பிற்காலத்தது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு.

அந்தச் சுவடிக்குள் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. வீரர்களின் சாவுக்கு நடுவே திடீரென்று ஒரு தாலாட்டு. டினோகட் என்ற குழந்தைக்குத் தாய் பாடுகிறாள்: உன் சட்டை மரநாய்த் தோல், உன் அப்பன் வேட்டைக்குப் போனபோதெல்லாம் மானும் பன்றியும் மீனும் தப்பியதில்லை என்ற பொருளில். அப்பன் உயிரோடு இல்லை என்பதைப் பாட்டின் இறந்தகாலம் சொல்லிவிடுகிறது. போர்ப்பாட்டுக்குள் இது எப்படி வந்தது? மூலச் சுவடியின் ஓரத்தில் யாரோ எழுதிவைத்ததைப் படியெடுத்தவர் பாட்டின் பகுதியென்று நினைத்துச் சேர்த்துவிட்டார் என்பதே நம்பத்தகுந்த விளக்கம். எனக்கு இந்த மொத்தச் சுவடியிலும் பிடித்த பிழை இதுதான்.

ஓரங்களில் எழுதும் பழக்கம்தான் இன்னொரு புதையலையும் தந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் யுவென்குஸ் என்ற லத்தீன் கவிஞரின் நற்செய்திக் காவியச் சுவடி ஒன்று இருக்கிறது. 9 அல்லது 10ஆம் நூற்றாண்டில் அதன் பக்கங்களின் ஓரத்தில் வேல்ஸ் மொழியில் சில செய்யுள்களை எழுதிவைத்திருக்கிறார்கள். பின்னால் படியெடுத்தவை அல்ல. அந்தக் காலத்துக் கையெழுத்தே. மூவடிச் செய்யுள்கள். ‘எங்லின்’ என்பது பாவின் பெயர். பரிவாரமெல்லாம் போய், கூலிக்கு வந்த ஒருவனோடு தனியே குடித்துக்கொண்டிருக்கும் ஒரு தலைவனின் குரல் அதில் கேட்கிறது. இதே மூவடிப் பாவில்தான் ஹெலெத் என்ற இளவரசியின் புலம்பலும் இருக்கிறது. அண்ணன் கன்தலனும் அவன் மண்டபமும் அழிந்த பிறகு, விளக்கும் அடுப்புத் தீயும் இல்லாத அந்த மண்டபத்தைப் பார்த்து அவள் அழுகிறாள். ஒவ்வொரு செய்யுளும் முந்தையதன் தொடக்கத்தையே திரும்பச் சொல்லி ஓரிரண்டு சொல்லை மட்டும் மாற்றும். இவ்வளவு எளிய உத்தி இவ்வளவு வலிக்கும் என்று படிக்கும்வரை தெரியாது.

இடைக்காலத்தில் கவிதை ஓர் அரசுப் பதவி. மன்னன் ஹவெல் தாவின் பெயரால் வழங்கும் சட்டநூல்கள் அரண்மனை அலுவலர் இருபத்து நான்கு பேரைப் பட்டியலிடுகின்றன. படைக்கவிஞர் அவர்களில் ஒருவர். பதவி ஏற்கும்போது மன்னன் யாழும் அரசி பொன் மோதிரமும் தருவார்கள். அரசி தன் அறையில் பாட்டுக் கேட்க விரும்பினால், கூடத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவில்லாமல் மெல்லப் பாட வேண்டும் என்றுகூடச் சட்டம் இருக்கிறது. படைக்கவிஞருக்கு மேலே தலைமைக் கவிஞர். போட்டியில் வென்று நாற்காலி பெற்றவருக்கே அந்த இடம். 1176 கிறிஸ்துமஸில் ரீஸ் அப் கிரிஃபித் என்ற சிற்றரசர் கார்டிகன் கோட்டையில் இப்படியொரு போட்டியை நடத்தினார். ஓராண்டு முன்பே அயர்லாந்து, ஸ்காட்லாந்து வரை பறையறைவித்து, கவிதைக்கு ஒன்று, இசைக்கு ஒன்று என இரண்டு நாற்காலிகள் வைத்தார். இசை நாற்காலி அவருடைய அரண்மனை இளைஞனுக்கே போனது. கவிதை நாற்காலியை வடக்கு வேல்ஸின் குவினெத் கவிஞர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இந்த உலகம் 1282 டிசம்பர் 11 அன்று முடிந்தது. வேல்ஸின் கடைசிச் சுதந்திர இளவரசர் லெவெலின், கில்மெரி என்ற ஊர் அருகே ஆங்கிலேயர் கையில் கொல்லப்பட்டார். அவருடைய தலை லண்டன் கோபுரத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. கிரிஃபித் என்ற கவிஞர் பாடிய இரங்கற்பா நூறடிக்கு மேல் நீள்கிறது. முழுவதும் ஒரே இயைபு. துண்டான தலையைச் சொல்லும் இடத்தில் அடிக்கு அடி ‘தலை’ என்றே தொடங்குகிறது. காற்று, மழை, மரங்கள், கடல், விண்மீன்கள் எல்லாம் நிலைகுலைந்ததைப் பார்க்கவில்லையா என்று அவர் கேட்பவர்களை உலுக்குகிறார்.

புரவலர்கள் போனால் கவிதையும் போயிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. மன்னர்களின் இடத்துக்கு நிலக்கிழார்கள் வந்தார்கள், கவிஞர்கள் வீடு வீடாகப் போனார்கள், ஒலிக்கட்டு முன்னைவிட இறுகியது. அந்தக் கட்டின் பெயர் கங்ஹானெத். பழம்பாட்டுகளில் மோனையாகவும் உள்ளியைபாகவும் விருப்பம்போல் வந்தது, 14ஆம் நூற்றாண்டில் கட்டாய விதியானது. நான்கு வகை உண்டு. அவற்றில் கடுமையானது இது. ஓர் அடியை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பாதியில் மெய்யொலிகள் எந்த வரிசையில் வருகின்றனவோ, இரண்டாம் பாதியிலும் அதே வரிசையில் வர வேண்டும். உயிர்கள் மாறலாம், அழுத்தம் விழும் உயிர்கள் மாறியே ஆக வேண்டும். அதற்குப் பின்னால் வரும் இறுதி மெய்யும் வேறாக இருக்க வேண்டும். தமிழில் செய்துகாட்டினால்: ‘மலை நீரில் மாலை நேரம்’. ம, ல, ந, ர என்று முதல் பாதி; ம, ல, ந, ர என்று இரண்டாம் பாதி. ஈறு மட்டும் ஒன்றில் ல், மற்றதில் ம். இப்படி ஓர் அடி எழுதுவது விளையாட்டு. நூறு அடி எழுதி, அதில் பொருளும் வேகமும் சிரிப்பும் கெடாமல் பார்த்துக்கொள்வது வேறு சங்கதி.

வேல்ஸ் மொழியின் இலக்கணம் இதற்கு ஒத்துழைக்கிறது. அதில் சொல்லின் முதல் மெய்யே இடத்துக்குத் தக்கபடி மாறும். தலைக்குச் சொல் ‘பென்’. ‘என் தலை’ என்றால் அது ‘ம்ஹென்’ ஆகும், ‘அவள் தலை’ என்றால் ‘ஃபென்’. மெய் பொருந்தவில்லை என்றால் தொடரைத் திருப்பிப் போட்டு வேறு மெய்யை வரவழைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுக்குள் மிக இயல்பாக மூச்சுவிட்டவர் டாவித் அப் குவிலிம். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்தவர், அபெரிஸ்ட்வித் பக்கத்துக்காரர். ஏழசை ஈரடிகளால் ஆன ‘கவ்வித்’ என்ற பாவை நாடறியச் செய்தவர். கடற்புறாவையும் காற்றையும் காதலுக்குத் தூது அனுப்புகிறார். சத்திரத்தில் இரவில் ஒரு பெண்ணைத் தேடிப்போய், இருட்டில் முக்காலியில் இடித்து, பாத்திரங்களை உருட்டி ஊரைக் கூட்டிய கதையைத் தாமே சொல்லிச் சிரிக்கிறார். அத்தனையும் மெய்யொலிக் கட்டோடு.

ஓர் அடியில் ஒரு சொல் மாறினாலும் மெய்வரிசை உடைந்து பிழை பல்லிளிக்கும். ஆகவே கங்ஹானெத் கவிதையைக் காக்கும் பூட்டு என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. பாதிதான் உண்மை. டாவித்தின் ஒரே பாட்டு பல சுவடிகளில் பல விதமாக இருக்கிறது; அடிகள் வேறு, ஆனால் பெரும்பாலானவற்றில் மெய்க்கட்டு சரியாகவே இருக்கிறது. காரணம், பாடிப் பரப்பியவர்களுக்கும் தொழில் தெரியும். ஓர் அடி மறந்தால் அதே இலக்கணத்தில் இன்னொன்றை அந்த இடத்திலேயே கட்டிவிடுவார்கள். பூட்டு தெரியாதவனிடமிருந்துதான் காக்கும்.

பூட்டை நன்றாகத் தெரிந்த ஒருவர் 18ஆம் நூற்றாண்டில் வந்தார். யோலோ மொர்கானுக் என்ற புனைபெயர் கொண்ட கல்தச்சர் எட்வர்ட் வில்லியம்ஸ். டாவித்தின் கவிதைகள் முதன்முதலாக 1789இல் நூலாக வந்தபோது, தாமே எழுதிய பாட்டுகளை டாவித்தின் பெயரில் கொடுத்து அச்சேற்றிவிட்டார். அவை மிக நல்ல கவிதைகள் என்பதுதான் சிக்கல். ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் பெரும்பாலோருக்கு ஐயமில்லை, 1920களில்தான் ஜி. ஜே. வில்லியம்ஸ் என்ற அறிஞர் குட்டை உடைத்தார். பிறகு தாமஸ் பாரி 1952இல் வெளியிட்ட பதிப்பு, டாவித்தின் பெயரில் உலவியவற்றில் பாதிக்கு மேல் தள்ளிவிட்டு ஏறத்தாழ 150 பாட்டுகளையே அவருடையவை என்று ஏற்றது.

விதி கவிதையைக் காப்பதும் உண்டு, விரட்டுவதும் உண்டு. 1450களின் தொடக்கத்தில் கார்மார்தனில் கூடிய கவிஞர் மன்றத்தில் டாவித் அப் எட்மன்ட் என்பவர் இருபத்து நான்கு பாவகைகளைத் திருத்தியமைத்தார். இரண்டை நீக்கி, மிகக் கடினமான இரண்டைப் புகுத்தினார். நீக்கப்பட்டவை எவை தெரியுமா? ஹெலெத் அழுத அந்த மூவடிப் பாக்கள். அவை எளியவை, யார் வேண்டுமானாலும் பாடிவிடுவார்கள் என்பதைத் தவிர வேறு குற்றம் எனக்குத் தெரியவில்லை. தொழிலில் இருப்பவர்கள் வாசலைக் குறுக்கிக்கொள்வது எந்த ஊரிலும் நடப்பதுதான். மன்றத்துக்கு வெளியே இருந்தும் பாட முடியும் என்று காட்டியவர்களும் உண்டு. அதே நூற்றாண்டில் குவெர்வில் மெக்கைன் என்ற பெண், பெண்ணுடலின் அங்கமெல்லாம் பாடிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவிடும் ஆண் கவிஞர்களைக் கேலி செய்து, விட்டுப்போனதைத் தாமே பாடினார். இலக்கணம் பிசகாமல்.

சுவடிகளின் கதை இன்னும் தீரவில்லை. மன்னர்காலக் கவிஞர்களின் பாட்டுகளை 1300ஐ ஒட்டித் தொகுத்த ஹென்ட்ரெகாட்ரெத் சுவடி, 1910இல் அதே பெயர் கொண்ட மாளிகையின் பழைய துணி அலமாரியில் அகப்பட்டது. அதில் பின்னால் சேர்த்த ஒரு பாட்டு டாவித் அப் குவிலிமின் சொந்தக் கையெழுத்தாக இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். 1250ஐ ஒட்டிய ‘கார்மார்தன் கருப்புப் புத்தகம்’ முழுக்க வேல்ஸ் மொழியிலேயே அமைந்த சுவடிகளில் எஞ்சியவற்றுள் மிகப் பழையது. 16ஆம் நூற்றாண்டில் அதை வைத்திருந்த ஒருவர் ஓரக் குறிப்புகளைச் சுரண்டி அழித்துவிட்டார் என்று கருதுகிறார்கள். 2015இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் புற ஊதா ஒளியில் பக்கத்தைப் பார்த்தபோது, அழித்த இடத்தில் மனித முகங்களும் யாரும் அறியாத செய்யுளும் தெரிந்தன. இந்தச் சுவடி இப்போது அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதன் பக்கங்களை நூலகத்தின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

நாற்காலிப் போட்டியும் நிற்கவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கும் தேசிய ஐஸ்டெத்வோட் விழாவில், கங்ஹானெத் விதிப்படி எழுதிய நெடும்பாட்டுக்கு நாற்காலி பரிசு. கவிஞர்கள் புனைபெயரில் அனுப்ப வேண்டும். வந்ததில் தகுதியான பாட்டு இல்லை என்று நடுவர்கள் கருதினால், அந்த ஆண்டு நாற்காலி யாருக்கும் இல்லை.